பூனை இருக்கும் வீட்டில் எலி வளர்க்கலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்விகளை அனுப்பச் சொன்னபோது பத்துப் பன்னிரண்டு வரும் என்று நினைத்தேன். நாற்பதுக்கு மேல் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. கோயம்புத்தூரில் ஒன்பது வருடமாக எலி வளர்க்கிறேன், அதில் ஏழு வருடம் வீட்டில் பூனையும் உண்டு. இங்கே எலி என்று நான் சொல்வது கடைகளில் ‘வெள்ளை எலி’ என்று விற்கிறார்களே, அந்த வளர்ப்பு எலியை. கூரையில் ஓடும் எலியைப் பிடித்து வளர்க்க வேண்டாம்.

கேள்வி (வேளச்சேரி, கல்லூரி மாணவர்): அக்கா, வீட்டில் மூன்று வயதுப் பூனை இருக்கிறது. இரண்டு வெள்ளை எலி வாங்க ஆசை. முடியுமா முடியாதா, நேராகச் சொல்லுங்கள்.

ஒரே வீட்டில் முடியும் தம்பி. ஒரே அறையில் முடியாது. எலிக்கென்று கதவு உள்ள ஓர் அறை வேண்டும். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கதவைச் சாத்துகிறவர்களாக இருக்க வேண்டும். ஒற்றை அறை வீடு, நண்பர்களோடு பங்கு போட்டுத் தங்கும் வீடு என்றால் இப்போது வாங்காதீர்கள்.

இரண்டாக வாங்க நினைத்தது நல்ல விஷயம். ஒற்றையாக வைத்தால் எலி வாடிப்போகும். ஆனால் இரண்டும் ஒரே பாலாக இருக்கட்டும். ஐந்தாறு வாரத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், 21 முதல் 23 நாளில் குட்டி போடும், ஓர் ஈற்றில் பத்துக் குட்டி சர்வசாதாரணம். கடைக்காரர் சொல்வதோடு விடாமல், வாலைத் தூக்கி நீங்களே பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (பலர்): பூனையும் எலியும் கட்டிப்பிடித்துத் தூங்கும் காணொளிகள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். அதெல்லாம் பொய்யா?

பொய் இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பூனைக் காப்பகத்தில் லுகேமியா வைரஸ் தொற்றிய பூனைக்குட்டி ஒன்று இருந்தது. மற்றக் குட்டிகளுக்கு ஒட்டிவிடும் என்பதால் தனியாக வைத்திருந்தார்கள். அந்த வைரஸ் எலிக்கு ஒட்டாது. அதனால் ஓர் எலியைத் துணைக்கு விட்டார்கள், இரண்டும் அப்படி ஒட்டிக்கொண்டன. பிறகு அங்கே தாயில்லாக் குட்டிகளுக்கும் எலிகளைத் துணையாக விட்டார்கள். ஆனால் அவை கண் திறந்து சில வாரங்களே ஆன குட்டிகள், பக்கத்தில் எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். இதை மறந்துவிடக் கூடாது.

பழைய ஆராய்ச்சி ஒன்றும் இருக்கிறது. குவோ என்ற சீன உளவியலாளர் 1930-ல் வெளியிட்டது. பூனைக்குட்டிகளை மூன்று விதமாக வளர்த்துப் பார்த்தார். எலி கொல்வதைப் பார்த்து வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. எதையும் பார்க்காமல் தனியாக வளர்ந்த 20-ல் 9 கொன்றன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18-ல் 3 மட்டும் கொன்றன, அவையும் தன்னோடு வளர்ந்த வகை எலியைத் தொடவில்லை.

இதைக் காட்டி, பழக்கினால் போதும் என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த நடு எண்தான் உறுத்துகிறது. யாரும் கற்றுத் தராமலே கிட்டத்தட்டப் பாதிக் குட்டிகள் கொன்றிருக்கின்றன. தெருவில் பிறந்து, அம்மா பல்லியும் எலியும் கொண்டுவந்து போட்டு வளர்த்த உங்கள் பூனை எந்தக் கூட்டத்தில் சேரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பிறந்ததிலிருந்து சேர்ந்தே வளர்ந்தவற்றிலும் ஆறில் ஒன்று கொன்றிருக்கிறது. என் எலியை வைத்து அந்த ஆறாவது எது என்று பார்க்க எனக்கு மனம் வராது.

கேள்வி (தஞ்சாவூர், இல்லத்தரசி): எங்கள் பூனை கூண்டுப் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும், ஒன்றும் செய்யாது. எலியும் அசையாமல் இருக்கும். இரண்டும் பழகிவிட்டன என்று நினைக்கிறேன். சரிதானே?

இல்லைங்க. வந்த கேள்விகளில் இதுதான் என்னை ரொம்பக் கவலைப்படுத்தியது.

அசையாமல் இருப்பது எலி பயத்தின் உச்சியில் செய்யும் காரியம். ஓட வழி இல்லாதபோது உறைந்துபோகும். அடுத்த முறை பூனை வந்து உட்காரும்போது எலியின் மீசையைப் பாருங்கள். நிம்மதியான எலியின் மீசை முன்னும் பின்னும் துடித்துக்கொண்டே இருக்கும், மூக்கும் சேர்ந்து ஆடும். பயந்த எலிக்கு அது அப்படியே நின்றுவிடும். கண் பிதுங்கினாற்போல் இருக்கும், விலா மட்டும் வேகமாக ஏறி இறங்கும். பூனை போன பிறகும் வெகுநேரம் சாப்பாட்டுப் பக்கம் வராது. சில நாள் கழித்துக் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாக ஏதோ காய்ந்திருக்கும். ரத்தம் என்று பதறாதீர்கள், அது போர்ஃபிரின் என்ற சுரப்பு. மூச்சுக்குழல் நோயிலும் வரும், மன அழுத்தத்திலும் வரும். எதுவானாலும் எலி நன்றாக இல்லை என்று அர்த்தம்.

எலி பயத்தில் கத்துவதும் பல நேரம் நமக்குக் கேட்காது. அதன் பயக்குரல் ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸில் இருக்கும், மனிதக் காது 20-ஐத் தாண்டாது. பூனைக்கு அது நன்றாகவே கேட்கும். நீங்கள் அமைதி என்று நினைத்த அந்த நேரத்தில் எலி கத்திக்கொண்டிருந்திருக்கலாம், பூனை அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

வாசனையே போதும் எலியைப் பயமுறுத்த. பல தலைமுறையாகப் பூனையைப் பார்க்காத ஆய்வக எலிகூட, பூனை போட்டிருந்த கழுத்துப்பட்டையைக் கூண்டில் வைத்தால் ஓடி ஒளிந்துகொள்ளும். பூனையைக் கொஞ்சிய கையோடு எலியைத் தூக்காதீர்கள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மேல்சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள். எலி அறை வாசலில் நான் ஒரு பழைய சட்டையை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், உள்ளே போகும்போது அதுதான்.

கூண்டை இன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள். ஒரு வாரத்தில் எலி வேறு எலியாகத் தெரியும்.

கேள்வி (சேலம்): பூனை கழுத்தில் மணி கட்டிவிட்டால்?

மணி, தப்பி ஓட இடம் இருக்கும் பிராணிக்குத்தான் உதவும். கூண்டுக்குள் இருக்கிற எலி எங்கே ஓடும்? மணி ஆடாமல் பதுங்கி நடக்கவும் பூனை கற்றுக்கொள்ளும்.

கேள்வி (மதுரை): கூண்டு எப்படி இருக்க வேண்டும்? அறையைச் சாத்தியே வைத்தால் வெயில் காலத்தில் என்ன செய்வது?

என் தவற்றைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். ஆரம்பத்தில் கிளிக்கூண்டு போன்ற, கம்பிகள் தள்ளித் தள்ளி இருக்கும் கூண்டுதான் வைத்திருந்தேன். அறைக் கதவு சரியாகப் பொருந்தாமல் இருந்தது தெரிந்தும், நாளைக்கு ஆசாரியைக் கூப்பிடலாம் என்று விட்டிருந்தேன். ஒரு நாள் ராத்திரி பூனை முட்டித் திறந்துவிட்டது. எலி கூண்டோரத்தில் தூங்கியிருக்கிறது, வால் கம்பிக்கு வெளியே தொங்கியிருக்கிறது. சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது வாலின் கடைசி ஓர் அங்குலத்துத் தோல் உரிந்திருந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்கப்புறம் அவள் கூண்டோரத்தில் படுக்கவே இல்லை.

ஆகவே கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். குட்டிகளாக இருந்தால் இன்னும் நெருக்கமாக இருக்கட்டும். இரும்புக் கடையில் அரை அங்குலக் கண் உள்ள வெல்டட் மெஷ் கேட்டு வாங்கி, பழைய கூண்டைச் சுற்றியே கட்டிவிடலாம். கூண்டின் மேல் பூனை ஏறி உட்கார்ந்தால் மேல்தட்டில் ஏறும் எலியின் விரல் போய்விடும், அதனால் மேலே ஒரு பிளைவுட் பலகை. ஆடுகிற ஸ்டூலில் வைக்காதீர்கள், நான்கு கிலோப் பூனை தாவினால் கூண்டே கவிழும். கூண்டுக் கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, சாவிக்கொத்து வளையம் மாதிரி ஒன்றைக் கூடவே மாட்டுங்கள். உள்ளே ஒளிய இரண்டு மூன்று இடம் வேண்டும். கவிழ்த்து வைத்த மண்சட்டியில் பக்கவாட்டில் ஓட்டை போட்டது, அட்டைப்பெட்டி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிய தூளி, இவை போதும். தூளி என்றால் என் எலிகளுக்கு உயிர்.

வெயில் விஷயம் நியாயமான கவலை. எலிக்கு நம்மைப் போல் வியர்க்காது, உடல் சூட்டில் ஒரு பங்கை வால் வழியாக வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனாலே கஷ்டப்படத் தொடங்கும். மரக்கதவைச் சாத்திய அறை மே மாதத்தில் அடுப்பாகிவிடும். மரக்கதவோடு கூட இரும்புக் கம்பிவலைக் கதவு ஒன்றும் போடுங்கள். நைலான் கொசுவலையைப் பூனை ஒரே நாளில் கிழித்துவிடும். பகலில் நீங்கள் வீட்டில் இருக்கும்போது வலைக்கதவு மட்டும் போதும், ராத்திரி இரண்டையும் சாத்துங்கள். உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் போட்டால் அதன்மேல் படுத்துக்கொள்ளும்.

கேள்வி (திருச்சி): நேற்று பூனை எலியைக் கவ்விவிட்டது. உடனே பிடுங்கிவிட்டோம். முதுகில் ஊசி குத்தினாற்போல் இரண்டு புள்ளிதான். மஞ்சள் வைத்தோம். நன்றாக ஓடுகிறது. போதுமா?

போதாது. இதைப் படித்தவுடன் மருத்துவரிடம் கிளம்புங்கள்.

பூனையின் கோரைப்பல் மெல்லியது, ஆழமாக இறங்கும். மேல் தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே போன பாஸ்ட்சரெல்லா என்ற கிருமி அங்கேயே பெருகும். சீழ் வைத்து, ரத்தத்தில் கலந்தால் இத்தனை சின்ன உடம்பு தாங்காது. அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும், எடைக்கேற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் எலி பார்ப்பதில்லை, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பார்க்கலாம். துணி விரித்த இருட்டான பெட்டியில் கொண்டுபோங்கள், கூடவே அதன் ஜோடியையும்.

கேள்வி (நாகர்கோவில், ஓர் அம்மா): மருமகள் முழுகாமல் இருக்கிறாள். வீட்டில் பூனையும் எலியும் உண்டு. பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். இரண்டையும் கொடுத்துவிடச் சொல்கிறாயா?

வேண்டாம் அம்மா. அவர்கள் சொல்வது டாக்சோபிளாஸ்மா என்ற கிருமியை. அது பூனையின் மலத்தில் வெளிவரும், ஆனால் தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். மணல்தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். அந்த வேலையை மருமகள் செய்ய வேண்டாம், மகன் செய்யட்டும். பூனைக்குப் பச்சைக் கறி போடாதீர்கள், வெளியே விடாதீர்கள். வேகாத கறியிலிருந்தும் கழுவாத கீரையிலிருந்தும் இது மனிதருக்கு வரும், அடுப்படியிலும் கவனம் வேண்டும். மருத்துவரிடம் வீட்டில் என்னென்ன இருக்கின்றன என்று சொல்லிவிடுங்கள்.

எலித்தீனி டப்பா பூனை மணலுக்குப் பக்கத்தில் இருந்தால் மாற்றுங்கள். இந்தக் கிருமி எலிக்குள் போனால் பூனை வாசனை மேல் இருக்கும் பயத்தையே குறைத்துவிடும். பூனையின் வயிற்றுக்குத் திரும்பிப் போக அந்தக் கிருமி வைத்திருக்கும் வழி அது.

கேள்வி (ஈரோடு): பூனைக்குத் தெள்ளுப்பூச்சி. அதற்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தை எலிக்கும் விடலாமா?

நீங்களாக விட வேண்டாம். பூனையிடமிருந்து எலிக்குத் தெள்ளு தாவும் என்பது உண்மைதான், ஆனால் மருந்தும் அளவும் வேறு. நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கும் விடாதீர்கள், பூனை செத்துப்போகும்.

கேள்வி (காஞ்சிபுரம்): வெளி எலித் தொல்லை. மருந்து வைக்கலாமா?

வைக்கவே வைக்காதீர்கள். எலிக்கு வாந்தி எடுக்க முடியாது, உங்கள் வளர்ப்பு எலி ஒரு துணுக்குத் தின்றாலும் வெளியே வராது. மருந்து தின்று தள்ளாடும் வெளி எலியைப் பூனை சுலபமாகப் பிடித்துத் தின்னும், விஷம் பூனைக்கும் ஏறும். கூண்டுப் பொறி வைத்துப் பிடியுங்கள், சந்து பொந்துகளைச் சிமென்ட் வைத்து அடையுங்கள்.

கேள்வி (டொராண்டோ): கால்கரிக்கு வேலை மாற்றம். பூனையையும் எலிகளையும் கூட்டிப்போகிறோம். பயணத்துக்கு யோசனை?

பூனையைக் கூட்டிப்போங்கள். எலி முடியாது. கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1950-களிலிருந்து எலியே இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள், வளர்ப்பு எலிக்கும் தடை. கிளம்பும் முன்பே உங்கள் ஒன்ராரியோ மாகாணத்தில் நல்ல கை பார்த்து, எலிகளைப் பிரிக்காமல் சேர்த்தே கொடுங்கள்.

கேள்வி (திண்டுக்கல், ஓர் அப்பா): போன ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருந்தது. இருந்த இரண்டு எலிகளில் ஒன்றைப் பூனை கொன்றுவிட்டது. பத்து வயது மகள் பூனையைத் தொடுவதே இல்லை. அதை வெளியே விட்டுவிடு என்று அழுகிறாள். என்ன சொல்வது?

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. பூனையை வெளியே விடாதீர்கள். பூனை தான் எதற்குப் பிறந்ததோ அதைச் செய்திருக்கிறது. அதற்குக் கோபமும் இல்லை, குற்றமும் தெரியாது. மகளிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் இன்றே அவள் ஏற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கதவைத் திறந்து விட்டது யார் என்ற பேச்சை, அதிலும் அது அவளாக இருந்தால், எடுக்கவே எடுக்காதீர்கள். கதவுக்குத் தானாக மூடும் ஸ்பிரிங் கீல் போடுங்கள், அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. இன்னோர் எலி இருக்கிறதே, அது இப்போது தனியாக இருக்கிறது. ஜோடி போன எலி சாப்பாட்டைக் குறைக்கும், மூலையிலேயே கிடக்கும். புது ஜோடி சேர்க்கச் சில வாரம் ஆகும், அதுவரை மனிதத் துணைதான். கூண்டை நன்றாகக் கழுவிப் பூனை வாசனையைப் போக்குங்கள். அப்புறம் ராத்திரி அரைமணி நேரம் மகளை அதன் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். துவைத்த சட்டை போட்டுக்கொள்ளட்டும். உள்ளங்கையில் கொஞ்சம் வேகவைத்த பட்டாணி வைத்துக் காட்டட்டும். முதல் நாள் வராது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மீசை மட்டும் வெளியே வரும்.