களிமண் மேல் போட்ட கான்கிரீட் வெடித்தால், மேலே இன்னொன்று போடலாமா?

கேள்வி: வீட்டின் முன்புறம் கார் நிறுத்துவதற்காக 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் போட்ட கான்கிரீட் தரை இரண்டு மழைக்காலங்களுக்குள் குறுக்கும் நெடுக்குமாக வெடித்துவிட்டது. மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய் கொட்டும் வெளி மூலை ஏறக்குறைய 20 மி.மீ. மேலேறி நிற்கிறது, இப்போது தண்ணீர் வீட்டுச் சுவரை நோக்கி ஓடிவருகிறது. எங்களுடையது களிமண் நிலம். பழைய தரையின் மேலேயே கம்பி கட்டி இன்னும் 100 மி.மீ. கான்கிரீட் போட்டால் சரியாகிவிடும், மழைக்கு முன்பே முடித்துவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். பழைய தரையின் மேல் போடுவதும் வேண்டாம். மழைக்கு முன் அவசரமாக முடிப்பதும் வேண்டாம். இந்த மழைக்காலத்தை ஒரு தற்காலிக ஏற்பாட்டோடு கடத்திவிட்டு, மழை ஓய்ந்தபின் பழையதைப் பெயர்த்து, அடியிலிருந்து புதிதாகச் செய்வதே உங்களுக்கு ஏற்றது.

உங்கள் ஒப்பந்தக்காரர், தரை பலம் போதாமல் வெடித்தது என்று கருதுகிறார். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ எடையுள்ளது. ஆகவே 100 மி.மீ. கனமுள்ள தரை ஒரு சதுர மீட்டரில் 240 கிலோ எடையோடுதான் மண்ணின் மேல் படுத்திருக்கிறது. ஈரமேறி வீங்கும் களிமண்ணை எழவிடாமல் தடுத்தால், அது அதே ஒரு சதுர மீட்டரில் பல டன் அழுத்தத்தைக் காட்டும். கடுமையாக வீங்கும் வகைகளில் இது 10 டன்னையும் தாண்டும். இன்னொரு 100 மி.மீ. சேர்த்தால் எடை 480 கிலோ ஆகும். அதனால் அந்த மண்ணை அமுக்கிவைக்க முடியாது. கீழே இருக்கும் தரை தொடர்ந்து அசையும்போது அதன் வெடிப்புகள் ஒன்றிரண்டு பருவங்களில் மேல் தரையிலும் அதே கோட்டில் வந்து நிற்கும். தரைமட்டம் உயர்ந்து, சுவரின் அடிப்பகுதி நீரில் நனைவது தனித் தொல்லை.

களிமண் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் எல்லாக் களிமண்ணும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. களிமண் துகள்கள் 0.002 மி.மீ.க்கும் சிறியவை; அவை எந்தக் கனிமத்தால் ஆனவை என்பதுதான் முக்கியம். கயோலினைட் மிகுந்த மண் அதிகம் வீங்காது. மான்ட்மோரில்லோனைட் மிகுந்த மண்ணில், கரிசல் மண் இதற்கு நன்கறிந்த உதாரணம், கனிமத் தகடுகளின் இடுக்குகளுக்குள்ளேயே நீர் புகுந்து அவற்றை விலக்குவதால் மண் பெருத்து எழும்; காயும்போது சுருங்கிப் பிளக்கும். உங்கள் மண் எந்த வகை என்பதை ஓர் எளிய சோதனை ஓரளவு காட்டிவிடும். 0.425 மி.மீ. சல்லடையில் சலித்த காய்ந்த மண்ணில் 10 கிராமைத் தண்ணீர் நிறைந்த அளவுக் குடுவையிலும், இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெய் நிறைந்த குடுவையிலும் போட்டு ஒரு நாள் விட்டுவைப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் வீங்காது. தண்ணீரில் உள்ள மண்ணின் கன அளவு அதைவிடப் பாதிக்கு மேல் கூடியிருந்தால், அதை வீங்கும் மண்ணாகவே எடுத்துக்கொண்டு வேலையைத் திட்டமிட வேண்டும். மண் பரிசோதனைக் கூடங்களில் இது மிகச் சாதாரணமான சோதனை.

மண் வீங்குவதும் சுருங்குவதும்கூட ஒரே சீராக நடந்தால் தரைக்குப் பெரிய சேதமில்லை; முழுத் தரையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஓரிடம் நனைந்து அடுத்த இடம் காய்ந்திருப்பதுதான் வெடிப்பை உண்டாக்குகிறது. மூடிய தரையின் நடுவில் ஈரம் பெரிதும் மாறுவதில்லை. ஓரங்கள் மழையில் நனைந்து எழும், கோடையில் காய்ந்து தாழும். உங்கள் தரையில் குழாய் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கும் மூலைதான் எழுந்திருக்கிறது என்பதிலிருந்து காரணம் ஏறக்குறைய தெளிவாகிறது. 100 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர். அதில் பாதி அந்தக் குழாயில் வந்திருந்தாலும், ஒரே மூலையில் இறங்குவதற்கு அது மிக அதிகம்.

எனவே இந்த மழைக்கு முன் செய்யவேண்டியவை மூன்றுதான். குழாயை நீட்டி, தரையிலிருந்தும் அஸ்திவாரத்திலிருந்தும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி, நீர் மேற்கொண்டு ஓடிவிடக்கூடிய இடத்தில் விடுங்கள். வெடிப்புகளைச் சுத்தம் செய்து, நெகிழ்ந்து கொடுக்கும் தன்மையுள்ள சீலன்ட் கொண்டு அடையுங்கள். சிமென்ட் பால் ஊற்றி அடைத்தால் அது அடுத்த அசைவில் விட்டுப்போகும். சுவரை ஒட்டி வரும் நீரை வாங்கி வெளியேற்ற, சுவரோரமாகத் தரையை வெட்டி ஒரு சிறு வடிகால் அமையுங்கள். எப்படியும் பெயர்க்கப்போகும் தரைதானே, வெட்டத் தயங்க வேண்டாம். கூடவே, பெரிய வெடிப்புகளின் இரு புறமும் பென்சிலால் குறியிட்டு, தேதியோடு அகலத்தைக் குறித்துவையுங்கள். மழையின்போதும் மழை முடிந்தபின்னும் அளந்தால், மண் இன்னும் எவ்வளவு அசைகிறது என்பது தெரிந்துவிடும்.

மழைக்கு முன் ஏன் போடக்கூடாது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் இது பலரும் தவறிவிடும் இடம். கோடை முடிவில் களிமண் மிக உலர்ந்து, சுருங்கி, பாளம் பாளமாக இருக்கும். பார்ப்பதற்குப் பாறைபோல் கெட்டியாக இருப்பதால் கான்கிரீட் போட இதைவிட நல்ல சமயம் இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த மண்ணுக்கு இனிமேல் வீங்குவது ஒன்றுதான் வழி. நீங்கள் தரை போட்ட சில வாரங்களில் மழை வந்து அதை வீங்கச் செய்யும். நேர்மாறாக, அடைமழையின் நடுவில் சேறாக இருக்கும் மண் இறுகவே இறுகாது. பிறகு காய்ந்து தரைக்கடியில் வெற்றிடம் விடும். மழை ஓய்ந்து, நீர் வடிந்து, மண் தன் நடுத்தர ஈரத்துக்கு வந்திருக்கும் வாரங்களே சரியான காலம். இதைக் கையாலேயே அறியலாம். மண்ணைக் கயிறாக உருட்டும்போது ஏறத்தாழ 3 மி.மீ. பருமனில் அது உதிரத் தொடங்கினால், களிமண்ணை இறுக்குவதற்கு ஏற்ற ஈரத்துக்கு அருகில் இருக்கிறது. மண் எந்த ஈரத்தில் குழைவாக இருக்கும், எந்த ஈரத்தில் உதிரும் என்று 1911இல் ஆல்பர்ட் அட்டர்பெர்க் என்ற சுவீடன் நாட்டு வேதியியலாளர் வகுத்த எல்லைகளிலிருந்து வந்த சோதனை இது. இன்றும் கூடங்களில் செய்கிறார்கள். 3 மி.மீ.க்கும் மெல்லிய நூலாக நீண்டால் ஈரம் அதிகம். உருட்டவே வராமல் உடைந்தால் மிகக் காய்ந்திருக்கிறது, நீர் தெளித்து ஓரிரு நாள் ஊறவிட வேண்டும்.

அடுத்தது அடித்தளம். பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டால் கான்கிரீட்டில் அல்ல, இங்கே என்றுதான் சொல்வேன். களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு மணலை நிரப்பினால் போதும் என்ற கருத்து பரவலாக இருக்கிறது. நீர் இறங்காத களிமண்ணில் தோண்டிய குழி ஒரு தொட்டிக்குச் சமம். 6 மீட்டருக்கு 4 மீட்டர் குழியை 0.6 மீட்டர் ஆழத்துக்கு மணலால் நிரப்பினால், மணலின் இடைவெளிகளில் மட்டும் சுமார் 5,000 லிட்டர் நீர் தங்கும். அதாவது, மேலே சொன்ன கூரையின் ஒரு நல்ல மழை. அந்த நீர் வெளியேற வழியில்லாமல் அடியிலும் பக்கங்களிலும் உள்ள களிமண்ணை மாதக்கணக்கில் ஊறவைத்துக்கொண்டிருக்கும். தோண்டாமல் இருந்திருந்தால் அவ்வளவு ஈரம் அங்கே போயிருக்காது!

அதற்குப் பதிலாக, மேல்மண்ணையும் வேர்களையும் அகற்றி, பொறியாளர் சொல்லும் ஆழத்துக்குக் களிமண்ணை எடுத்துவிட்டு, வீங்காத, அதே சமயம் நீரை எளிதில் உள்ளே விடாத கிராவல் மண்ணை நிரப்புங்கள். ஒவ்வோர் அடுக்கும் 150 மி.மீ.க்கு மேல் போகாமல், சரியான ஈரத்தில், இயந்திரத்தால் இறுக்கப்பட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் திமிசு போட்டால் அடியில் இறுகாது. குழியின் அடிமட்டத்தையே வெளிப்புறம் நோக்கி வாட்டம் கொடுத்து வெட்டி, தாழ்ந்த முனையிலிருந்து நீர் வெளியேற ஒரு குழாய் வைப்பது நல்லது. மேலே 75 முதல் 100 மி.மீ. இறுக்கிய ஜல்லி போதும். மண்ணை மாற்ற இயலாத இடங்களில், காய்ந்த மண்ணின் எடையில் 3 முதல் 6 விழுக்காடு நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து இறுக்கும் முறையும் நல்ல பலன் தரும். சுண்ணாம்பின் கால்சியம் களிமண்ணின் வீங்கும் குணத்தைக் குறைக்கிறது. ஆனால் ஜிப்சம் போன்ற சல்பேட் உப்புகள் உள்ள மண்ணில் சுண்ணாம்பைச் சேர்த்தால் எட்ரிங்கைட் என்ற சேர்மம் உருவாகி மண் முன்னைவிட மோசமாக வீங்கும் என்பதால், சல்பேட் சோதனை செய்யாமல் இந்த வழியில் இறங்கவே கூடாது.

இனி தரை. இதை வீட்டோடு பிணைக்காதீர்கள். பிளிந்த் பீமில், அதாவது சுவர்களுக்கு அடியில் ஓடும் கான்கிரீட் உத்திரத்தில், கம்பியைச் செருகிக் கட்டினால் உறுதி என்று நினைத்துச் செய்கிறார்கள். வீட்டின் அஸ்திவாரம் ஆழத்தில் நிற்கிறது, தரையோ மேல்மண்ணின் மேல் கிடக்கிறது, இரண்டும் ஒன்றாக அசைய மாட்டா. சுவருக்கும் தூணுக்கும் தரைக்கும் இடையில் 12 மி.மீ. ஃபோம் பலகை வைத்து முழு ஆழத்துக்கும் பிரித்து, மேலே சீலன்ட் இட்டு மூடுங்கள். ஜல்லியின் மேல் 0.25 மி.மீ. பாலிதீன் தாளை 150 மி.மீ. மேற்படிவோடு விரிக்க வேண்டும். காருக்கு 125 மி.மீ. கனம் போதும், ஓரங்களை மட்டும் சற்று ஆழமாக்குங்கள். 8 மி.மீ. கம்பியை இரு திசையிலும் 200 மி.மீ. இடைவெளியில் கட்டி, மேல்பரப்பிலிருந்து சுமார் 40 மி.மீ. கீழே நிற்கும்படி உயரமான கவர் பிளாக்குகளில் (கம்பியைத் தாங்கும் சிறு கட்டைகளில்) ஏற்றிவையுங்கள். தரையில் கிடத்திவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படித் தூக்கிய கம்பி மறுபடி மிதிபட்டு அடியிலேயே போய்ப் படுக்கும். வெடிப்பு வராமல் தடுப்பது கம்பியின் வேலையும் அல்ல. வந்த வெடிப்பு விரியாமல் இறுக்கிப் பிடித்திருப்பதே அதன் வேலை.

வெடிப்பு எங்கே வரவேண்டும் என்பதை நாமே தீர்மானிப்பதற்குத்தான் ஜாயின்ட் வெட்டுகிறோம். உங்கள் தரையை இரண்டுக்கு இரண்டாக, 3 மீட்டருக்கு 2 மீட்டர் கொண்ட நான்கு கட்டங்களாகப் பிரிக்கலாம். வெட்டின் ஆழம் கனத்தில் கால் பங்கு, அதாவது 32 மி.மீ. அளவுக்கு இருக்க வேண்டும். அந்தக் கோட்டில் கம்பிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத் துண்டித்துவிடுவது நல்லது. இயந்திரத்தால் வெட்டுவதாக இருந்தால், விளிம்பு உதிராத அளவுக்குக் கான்கிரீட் இறுகியவுடனே, பெரும்பாலும் அன்றிரவோ மறுநாள் காலையோ வெட்டிவிட வேண்டும். மூன்றாம் நாள் வெட்டுவதற்கு ஆள் வந்தால், வெடிப்பு அவருக்கு முன்பே வந்து போயிருக்கும். முழுத் தரைக்கும் வீட்டிலிருந்து வெளியே 50க்கு 1 வாட்டம் கொடுங்கள். அதற்கப்பால் உள்ள மண்ணுக்கு இன்னும் கூடுதலாக, 20க்கு 1.

கலவையில் எம்25 தரம் (28 நாளில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் அழுத்தம் தாங்கும் கான்கிரீட்) கேளுங்கள். தண்ணீர்-சிமென்ட் விகிதமே வலிமையைத் தீர்மானிக்கிறது என்பதை 1918இல் அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் காட்டிய பிறகும் வேலையிடத்தில் அதிகம் மீறப்படுவது அதுதான். விகிதம் 0.5ஐத் தாண்டக்கூடாது, 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர். மழை நனைத்த மணலில் 5 விழுக்காடு ஈரம் இருந்தால், மூட்டைக்குச் சேரும் சுமார் 80 கிலோ மணலிலேயே 4 லிட்டர் நீர் வந்துவிடுகிறது, அதைக் கழித்துக்கொண்டு ஊற்ற வேண்டும். ஈர மணல் உப்பி நிற்பதால் பெட்டியால் அளக்கும்போது மணல் குறைந்துபோகும் என்பதையும் மேஸ்திரிக்கு நினைவூட்டுங்கள். மணலைத் தார்ப்பாயால் மூடிவைத்தால் இந்த இரண்டு தலைவலியும் பாதியாகக் குறையும்.

போட்ட அன்று எதிர்பாராமல் மழை வந்தால், சட்டத்தில் கட்டிய தார்ப்பாயைப் பரப்பைத் தொடாமல் மேலே பிடியுங்கள். நீர் தேங்கிவிட்டால் ஓரமாக வழித்து வெளியேற்றிவிட்டுப் பிறகுதான் மட்டப்பலகை போட வேண்டும். தேங்கிய நீரைக் கரண்டியால் உள்ளே தேய்ப்பதும், காய்ந்த சிமென்டைத் தூவி உறிஞ்சவைப்பதும் மேல்தோலைப் பலவீனமாக்கி, பின்னால் பொடியாக உதிரச் செய்யும். மறுநாள் பெய்யும் மழையால் கெடுதல் ஒன்றும் இல்லை. நீராற்றும் வேலையை, அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்து இறுகவிடுவதை, அது கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்.

அந்த நீராற்றலிலும் களிமண்ணுக்கென்று ஒரு கவனம் தேவை. பாத்தி கட்டி நீர் தேக்குவது வழக்கம். ஆனால் பாத்தியிலிருந்து கசியும் நீர் ஓரங்களில் இறங்கி, எதைத் தவிர்க்க இத்தனை பாடுபட்டோமோ அதையே செய்துவிடும். ஈரச் சாக்கை விரித்து, அதன் மேல் பாலிதீன் தாளைப் போர்த்திவையுங்கள். சாதாரண சிமென்ட் என்றால் 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாளுக்குக் குறையாமல். காரை 28 நாள் கழித்து ஏற்றுங்கள்.

மண் சோதனையில் வீக்கம் மிகக் கடுமையாக வந்து, ஆழமாக மண்ணை மாற்றவும் வாய்ப்பில்லை என்றால், கான்கிரீட்டை விட்டுவிட்டு, இதே அடித்தளத்தின் மேல் பேவர் கற்கள் பதிப்பதைத்தான் நான் சொல்வேன். அவையும் அங்கங்கே ஏறி இறங்கும். ஆனால் ஒரு நாளில் கல்லை எடுத்து, மட்டம் பார்த்து, அதே கல்லைத் திரும்பப் பதித்துவிடலாம்.

நான் இங்கே சொன்னது எல்லாம் முன்புறத் தரைக்கு மட்டும்தான். வீட்டுச் சுவரிலேயே படிக்கட்டுபோல் சாய்ந்து ஏறும் வெடிப்புகளோ, முன்பு சரியாக மூடிய கதவு இப்போது சிக்குவதோ தென்பட்டால், தரை வேலையைத் தள்ளிவைத்துவிட்டு மண்ணியல் பொறியாளர் ஒருவரை முதலில் அழைத்துக் காட்டுங்கள்.