மூடிய அணு உலையைப் பிரிக்கும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கல்பாக்கத்துக்கு அருகில் குடியிருக்கிறோம். ஓர் அணுமின் நிலையத்தை நிறுத்திவிட்டால் அன்றோடு ஆபத்து தீர்ந்துவிடுமா?

தீராது. அணுக்கள் பிளக்கும் தொடர்வினை நின்றாலும் எரிபொருளின் சூடு அடங்காது. அதை வெளியே எடுத்துக் குளத்து நீரில் சில ஆண்டுகள் ஆறப்போட வேண்டும். எரிபொருள் வெளியேறிவிட்டால் நிலையத்தின் கதிரியக்கத்தில் 99 விழுக்காடு அதோடு போய்விடும். மிச்சம் உலைக்கலனின் உருக்கிலும் சுற்றுச்சுவரின் கான்கிரீட்டிலும் தங்கியிருக்கும்.

கேள்வி: அந்த மிச்சம் தானாகக் குறையும் என்றால், ஐம்பது ஆண்டுகள் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு இடிக்கலாமே?

பிரிட்டன் தன் பழைய மேக்னாக்ஸ் வகை உலைகள் பலவற்றில் அப்படித்தான் திட்டமிட்டது. கணக்கும் சரிதான். உருக்கில் இருக்கும் கதிரியக்கப் பொருளான கோபால்ட்-60இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஐந்தே கால் ஆண்டுகள்; ஐம்பது ஆண்டுகளில் அது ஏறத்தாழ எழுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆனால் அந்த உருக்கிலேயே இருக்கும் நிக்கல்-63க்கு அரை ஆயுள் சுமார் நூறு ஆண்டுகள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. எந்தக் குழாய் எப்போது கசிந்தது, எந்தத் தரையைக் கழுவிப் பூசினார்கள் என்பதெல்லாம் அங்கே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் இருக்கும்போதே பிரிப்பது நல்லது என்பேன். உடனே பிரிக்க வேண்டும் என்று ஜெர்மனி சட்டமே போட்டிருக்கிறது.

கேள்வி: பிரித்தெடுத்த இரும்பு நம் வீட்டுக் கம்பியாக வந்துவிடாதா?

பெரும்பகுதி சாதாரண இரும்பும் கான்கிரீட்டும்தான். அளந்து பார்த்து வெளியே விடுகிறார்கள். ஆனால் அளக்காமல் ஒரு துண்டுகூட வாயிலைத் தாண்டக் கூடாது. 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு கோபால்ட்-60 இருந்த ஆய்வுக்கருவி ஒன்று வந்து சேர்ந்தது. அதை உடைத்ததில் ஒருவர் உயிரிழந்தார். அது அணுமின் நிலையத்துப் பொருள் அல்ல, ஆனால் பாடம் ஒன்றே.

கேள்வி: கடலுக்கு என்ன ஆகும்?

வெந்நீர் கலப்பது நின்றுவிடும். அது கலந்த இடத்தில் குடியேறிய உயிரினங்கள் மாறும். பிரிக்கும் காலத்தில் கவனிக்க வேண்டியது, வெட்டும்போதும் கழுவும்போதும் சேரும் நீரும் தூசியும்தான்.

கேள்வி: முழுக்கப் பிரித்துச் சுத்தமாக்கிய இடம் உலகில் எங்காவது உண்டா?

உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், விஸ்காசெட் ஊரில் இருந்த மெய்ன் யாங்கி நிலையம் 1972 முதல் 1996 வரை ஓடியது. 1997இல் மூட முடிவெடுத்தார்கள், 2005இல் வேலை முடிந்தது. 2004இல் உலை இருந்த குவிமாடக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சுத்தப்படுத்திய கான்கிரீட்டை நொறுக்கி அங்கேயே புதைப்பதுதான் நிறுவனத்தின் முதல் யோசனை. ஊர்க்காரர்கள் விடவில்லை. நிறுவனம் பின்வாங்கி, இடிபாட்டை மாநிலத்துக்கு வெளியே அனுப்பியது. சுத்தப்படுத்திய இடத்திலிருந்து ஒருவர் மேல் படும் கதிர்வீச்சுக்கு அமெரிக்க மத்திய அரசின் வரம்பு ஆண்டுக்கு 25 மில்லிரெம் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மெய்ன் அதை 10 ஆகவும், நிலத்தடி நீர் வழியாக வருவதை 4 ஆகவும் இறுக்கிச் சட்டம் செய்தது. மக்கள் கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் எரிபொருள் போகவில்லை. 1998 ஜனவரி 31 முதல் எடுத்துக்கொள்ளத் தொடங்க வேண்டியது மத்திய அரசின் கடமை. வைக்க இடமே அமையவில்லை. இன்றும் 64 கான்கிரீட் உருளைகள் வேலிக்குள் நிற்கின்றன: 60இல் எரிபொருள், 4இல் உலையின் உருக்கு. ஒவ்வொன்றும் மூன்று ஆள் உயரம். உள்ளே பற்றவைத்து மூடிய உருக்குக் கலம். அடித்துவாரம் வழியே காற்று நுழைந்து, சூடேறி, மேலே வெளியேறும். பம்பு கிடையாது. அந்தத் துவாரம் அடைபடாமல் பார்த்துக்கொள்ளவும் வேலியைக் காக்கவும் மட்டும், உலையே இல்லாத அந்த இடத்தில், ஆட்கள் முறை மாற்றிப் பணியில் இருக்கிறார்கள்.