ஆட்சி மாறினால் செல்லுமா? (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

மத்திய அமெரிக்க நாடுகளைப் பற்றிய உங்கள் சென்ற கட்டுரையைப் படித்தேன். ஒரு வல்லரசு தன் அருகிலுள்ள சிறிய நாட்டின் ஆட்சியை மாற்றுவதை நீங்கள் ஒட்டுமொத்தமாகக் கண்டிக்கிறீர்கள். அது நடுநிலையான பார்வையாக எனக்குப் படவில்லை. பனாமாவின் ராணுவ ஆட்சியாளர் நோரியேகா தேர்தலையே ரத்து செய்தவர். 1989இல் அமெரிக்கப் படை நுழைந்து அவரை அகற்றியது. இன்று அந்த நாட்டில் ராணுவம்கூட இல்லை, தேர்தல்கள் ஒழுங்காக நடக்கின்றன. சில மாதத் துன்பத்துக்குப் பிறகு நல்லாட்சி கிடைக்குமென்றால் அந்த விலையைக் கொடுக்கலாம் அல்லவா? குவாத்தமாலாவை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 1954இல் கவிழ்க்கப்பட்ட அதிபர் அர்பென்ஸின் அரசில் கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கு இருந்தது உண்மைதானே? எதற்கெடுத்தாலும் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ மீது பழி போடுவது நம் அறிவுஜீவிகளின் வழக்கமாகிவிட்டது. கடைசியாக ஒரு கேள்வி: ஓர் ஆட்சி மாற்றம் நல்லதா கெட்டதா என்பதை எதை வைத்து மதிப்பிடுவது?

அன்புடன்,
கார்த்திகேயன், பெருந்துறை

அன்புள்ள கார்த்திகேயன்,

உங்கள் கடைசிக் கேள்விக்காகவே இந்தப் பதில். சில வாரங்களாக அதையே நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். மற்றவற்றில் சிலவற்றுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிஐஏ மீது பழி போடுவதைப் பற்றி நீங்கள் அலுத்துக்கொள்வது புரிகிறது. ஆனால் குவாத்தமாலாவைப் பொறுத்தவரை நம் அறிவுஜீவிகள் மெனக்கெட வேண்டிய தேவையே இல்லை. அந்த நடவடிக்கையின் கோப்புகளில் ஒரு பகுதியை 1997இல் அந்த அமைப்பே வெளியிட்டுவிட்டது. நோரியேகாவைக் கொடுங்கோலன் என்றால் நான் மறுக்கப்போவதில்லை. அவர் பல ஆண்டுகள் அதே சிஐஏவிடம் பணம் வாங்கியவர் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் உங்கள் நடுநிலையை மெச்சியிருப்பேன்.

அர்பென்ஸ் அரசில் கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கு இருந்தது உண்மை. இதை மூடி மறைப்பவர்களோடு எனக்கும் ஒத்துவராது. அமைச்சரவையில் ஒரு கம்யூனிஸ்டும் இல்லை, நாடாளுமன்றத்தில் நான்கே பேர் இருந்தார்கள் என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. கட்சித் தலைவர் ஹொசே மனுவேல் ஃபோர்துனி அதிபரின் நெருங்கிய நண்பர், நிலச்சீர்திருத்தச் சட்டத்தை வரைந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பதவி இழந்து நாடு நாடாக அலைந்த பிறகு 1957இல் அர்பென்ஸே அந்தக் கட்சியில் சேர்ந்தார். ஆனால் நிலமற்றவனுக்கு நிலம் கிடைத்ததா என்று பார்க்கையில், சட்டத்தை வரைந்த கையின் நிறம் எதற்கு ஆகும்? வாசகம் அப்படியே நம் முன் இருக்கிறது; அதைப் படித்துவிட்டுப் பேசலாமே.

படிப்பதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1931 முதல் 1944 வரை ஆண்ட ஹோர்ஹே உபிகோவின் காலத்தில், போதிய நிலம் இல்லாத பழங்குடியினர் ஆண்டுக்கு 100 நாட்களுக்குக் குறையாமல் தோட்டங்களில் வேலை செய்தாக வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு சிறிய கைப்புத்தகத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். வேலை செய்த நாட்கள் அதில் குறிக்கப்படும். கணக்கில் நாள் குறைந்தால் சோம்பித் திரிபவன் என்று பிடித்துச் சிறையில் போடலாம். அந்தப் பழங்குடியினரான மாயா மக்களில் ஒரு விவசாயிக்கு அரசாங்கம் கொடுத்த ஆவணம் என்றால் அது இந்தப் புத்தகம்தான். நிலமோ, உடைமையாளர்களில் ஏறக்குறைய 2 விழுக்காட்டினரிடம் விளைநிலத்தில் 70 விழுக்காடு இருந்தது.

1944இல் ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்க, உபிகோ விலகினார். அக்டோபரில் அவருடைய வாரிசையும் இளம் ராணுவ அதிகாரிகள் விரட்டினார்கள். அவர்களில் ஒருவர் அர்பென்ஸ். தத்துவப் பேராசிரியரான ஹுவான் ஹொசே அரேவலோ தேர்தலில் வென்று ஆறாண்டுகள் ஆண்டார். அடுத்த தேர்தலில் வென்று 1951இல் அர்பென்ஸ் பதவியேற்றார். 1952 ஜூன் 17 அன்று அந்த நிலச்சீர்திருத்தச் சட்டம், ஆணை எண் 900, வந்தது. பெரும்பண்ணைகளில் பயிரிடாமல் கிடக்கும் நிலத்தை மட்டும் எடுப்பது, உரிமையாளருக்கு 25 ஆண்டு அரசுக் கடன்பத்திரங்களாக இழப்பீடு தருவது, நிலமற்றவர்களுக்கு அதைப் பிரித்துக் கொடுப்பது, இதுதான் அதன் சாரம். ஊருக்கு ஊர் ஐந்து பேர் கொண்ட குழு மனுக்களை வாங்கியது. இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்கள் நிலம் பெற்றன. அதிபர் தன் சொந்த நிலத்திலும் ஒரு பகுதியை இழந்தார். நிலம் எடுப்பதற்குத் தடை உத்தரவு பிறப்பித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளை 1953இல் நாடாளுமன்றம் பதவிநீக்கம் செய்தது. அதை நான் நியாயப்படுத்தமாட்டேன்.

இப்போது இழப்பீட்டுக்கு வருகிறேன். நிலத்தின் மதிப்பு என்ன என்பதை அரசு தானாக நிர்ணயிக்கவில்லை. வரி கட்டும்போது உரிமையாளரே என்ன மதிப்பை அறிவித்திருந்தாரோ அந்த மதிப்பு என்றது. நாட்டின் மிகப் பெரிய நிலவுடைமையாளரான அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி தன் நிலத்தில் பெரும்பகுதியைச் சும்மா போட்டு வைத்திருந்தது; வரிக்காக அதன் மதிப்பை அடிமட்டத்துக்குக் குறைத்தும் காட்டியிருந்தது. பத்திரப் பதிவு அலுவலகத்தின் படி ஏறிய எந்தத் தமிழனுக்கும் இந்த வித்தையை விளக்கத் தேவையில்லை. கம்பெனியிடமிருந்து எடுத்த 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கருக்கு அரசு ஏக்கருக்கு மூன்று டாலர் அளவில் கணக்கிட்டது. 1954 ஏப்ரலில் ஏக்கருக்கு 75 டாலர் வீதம் 1 கோடியே 58 லட்சம் டாலர் கேட்டு ஒரு கோரிக்கை வந்தது. அனுப்பியது கம்பெனி அல்ல, அமெரிக்க வெளியுறவுத் துறை. அதன் செயலர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் முன்பு இருந்த சட்ட நிறுவனம் கம்பெனிக்காக வேலை பார்த்தது. அவருடைய தம்பி ஆலன் டல்லஸ் அப்போது சிஐஏ தலைவர்.

இதைப் படித்ததும், எல்லாம் வாழைப்பழத்துக்காகத்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அர்பென்ஸ் விலகிய சில நாட்களிலேயே அதே கம்பெனி மீது அமெரிக்க நீதித் துறை ஏகபோக வழக்குத் தொடர்ந்தது. டல்லஸ் சகோதரர்கள் கம்யூனிச அபாயத்தை உளமார நம்பியிருக்கலாம். வந்தவர்களின் நோக்கம் எண்ணெயா, பழமா, கொள்கையா என்று விடிய விடிய வாதாடுகிறோம். அந்த வாதத்தால் இதுவரை எதுவும் தெளிந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கவிழ்த்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1953 ஆகஸ்டில் சிஐஏவின் திட்டத்துக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. ஹொண்டூராஸிலிருந்து, சிஐஏ ஆதரவு பெற்ற கர்னல் கார்லோஸ் கஸ்தியோ அர்மாஸ் 1954 ஜூன் 18 அன்று எல்லை கடந்தார். மொத்தப் படை 500 பேருக்கும் குறைவு. குவாலான் என்ற சிற்றூரில் சில்வா ஹிரோன் என்ற இளநிலை அதிகாரி சுமார் 30 வீரர்களை வைத்துக்கொண்டு, 122 பேர் கொண்ட ஊடுருவல் அணியை 36 மணி நேரம் எதிர்த்து நின்று சிதறடித்தார். மேலிடத்து உத்தரவுக்கு அவர் காத்திருக்கவில்லை. ஆனால் பக்கத்திலிருந்த சகாப்பாவில், ஆயுதமும் ஆளும் நிறைய வைத்திருந்த மூத்த அதிகாரிகள் அசையவில்லை. தலைக்கு மேல் பறந்த சில விமானங்களும், நாட்டுக்குள் காட்டிலிருந்து ஒலிபரப்புவதாகச் சொல்லிக்கொண்டு மயாமியில் பதிவு செய்து வெளியிலிருந்து ஒலிபரப்பிய வானொலியும் பயத்தைப் பரப்பின. அவற்றையெல்லாம்விட, இவர்களைத் தோற்கடித்தால் அமெரிக்கக் கடற்படை வீரர்களே வந்து இறங்குவார்கள் என்ற அச்சம் அந்த அதிகாரிகளைக் கட்டிப்போட்டது. ஜூன் 27 இரவு வானொலியில் பேசிவிட்டு அர்பென்ஸ் விலகினார்.

ஆணை 900 பற்றிப் படித்தபோதெல்லாம் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. எழுதுவதற்கு முன் நான் நிலச் சீர்திருத்த அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருந்தவன். தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது, 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. அதற்கு மேலிருந்த உபரி நிலத்தை நிலமற்றவர்களுக்கு ஒப்படை செய்யும் கோப்புகளில்தான் என் இளமை கழிந்தது. ஒருநாள் ஒப்படை ஆணை பெற்ற முதியவர் ஒருவர் வந்தார். படிக்கத் தெரியாதவர். மஞ்சள் பையிலிருந்து, மடித்த மடிப்பிலேயே கிழியத் தொடங்கியிருந்த ஆணையை எடுத்து மேசையில் விரித்து, சர்வே எண் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "சார், ஆட்சி மாறினா இது செல்லுங்களா?" என்று கேட்டார். தலைமை எழுத்தர் குனிந்த தலை நிமிராமல், "செல்லும், செல்லும், போங்க" என்றார். பெரியவர் நம்பாமல் அடுத்த மேசைக்குப் போய் அதையே கேட்டார்.

தேர்தல் நெருங்கியிருந்த நேரம் அது. அதன் பிறகு எத்தனையோ முறை ஆட்சி மாறிவிட்டது. வழக்கு, தடை, பினாமி என்று அந்தச் சட்டத்தை ஓட்டையாக்கியவர்கள் ஏராளம். அதை எழுதத் தொடங்கினால் உங்களுக்கு இன்று பதில் கிடைக்காது. ஆனால் புதிதாக வந்த எந்த முதலமைச்சரும் முதல் வேலையாக அந்தச் சட்டத்தைக் கிழித்துப் போடவில்லை.

கஸ்தியோ அர்மாஸ் அதைத்தான் செய்தார். ஜூலை 8 அன்று ஆட்சித் தலைமை அவர் கைக்கு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் ஆணை 900 ரத்தானது. நிலம் பெற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். கம்பெனிக்கு நிலம் திரும்பியது. எழுத்தறிவில்லாதவர்களின் வாக்குரிமை பறிபோனது. அந்த நாட்டில் அது மக்களில் பெரும்பகுதி, குறிப்பாக மாயா மக்கள். கட்சிகளும் தொழிற்சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் கலைக்கப்பட்டன. கம்யூனிஸ்டுகளைக் கண்டறிய ஒரு குழு அமைந்தது. அது தயாரித்த பட்டியலில் சில மாதங்களுக்குள் பல்லாயிரம் பெயர்கள் ஏறின. உபிகோவின் ரகசியக் காவல் தலைவரே மறுபடி பணிக்கு வந்தார். ஊர்க் குழுவில் உட்கார்ந்து அண்டை வீட்டுக்காரனின் மனுவை வாங்கி வைத்தவன், அதற்காகவே பட்டியலில் இடம்பெற்றான்.

நீங்கள் கேட்ட அளவுகோல் இதுதான், கார்த்திகேயன். புதியவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் எதில் கையெழுத்திட்டார் என்று பாருங்கள். யாருடைய ஆவணம் செல்லாததாயிற்று, யாருடைய பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து போயிற்று என்று தேடுங்கள். இதே குவாத்தமாலாவில் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு ஆட்சி மாற்றங்கள் நடந்தன. இரண்டிலும் துப்பாக்கி இருந்தது, இரண்டிலும் ராணுவ அதிகாரிகள் இருந்தார்கள். 1944இல் நடந்ததைத் தொடர்ந்து வந்த 1945 அரசமைப்பு, எழுத்தறிவில்லாத ஆண்களுக்கும் எழுத்தறிவுள்ள பெண்களுக்கும் வாக்குரிமை கொடுத்தது (எழுத்தறிவில்லாத பெண்களை அது கைவிட்டது, அதையும் மறக்கக் கூடாது), கட்டாய உழைப்பை ஒழித்தது. 1954இல் வந்தவர் அந்த அரசமைப்பையே ரத்து செய்தார். முன்னதை உள்ளூர்க்காரர்கள் செய்தார்கள், பின்னதன் பணமும் விமானமும் வெளியிலிருந்து வந்தன என்பதற்கும் இந்த வேறுபாட்டுக்கும் தொடர்பு உண்டு என்பதே என் வாதம். உள்ளிருந்து எழுந்தவன் தன்னோடு தெருவில் நின்றவனுக்குக் கடன்பட்டிருக்கிறான். வெளியிலிருந்து கொண்டுவந்து உட்கார வைக்கப்பட்டவனின் கடன்காரர்கள் எல்லைக்கு அப்பால் இருக்கிறார்கள். உள்ளே அவனுக்குத் தோள் கொடுப்பது யாருடைய நிலம் போயிற்றோ அவர்கள். அவன் நல்லவனாகவே இருந்தாலும் யாருக்கு முதலில் கையெழுத்திடுவான்?

"சில மாதத் துன்பம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. படித்த பிள்ளை நீங்கள். எழுதுவதற்கு முன் ஒரு முறை ஆண்டுகளைக் கணக்கிட்டிருக்கலாம். கஸ்தியோ அர்மாஸ் 1957இல் மாளிகைக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1960இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996இல்தான் முடிந்தது. கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் 2 லட்சத்துக்கு மேல் என்று ஐ.நா. ஆதரவில் அமைந்த உண்மை அறியும் ஆணையம் 1999இல் மதிப்பிட்டது. அது பதிவு செய்த உரிமை மீறல்களில் 93 விழுக்காட்டுக்கு ராணுவம் உள்ளிட்ட அரசுத் தரப்பே காரணம், அடையாளம் தெரிந்த பலியானவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள். அதே ஆண்டு குவாத்தமாலா நகருக்கு வந்த அமெரிக்க அதிபர் கிளிண்டன், அந்தப் படைகளுக்கு அமெரிக்கா ஆதரவளித்தது தவறு என்றார். 2011இல் குவாத்தமாலா அரசு அர்பென்ஸின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது. விலையைக் கொடுக்கலாம் என்று பெருந்துறையிலிருந்து எழுதுவது எளிது. கொஞ்சம் கூச்சப்பட்டிருக்க வேண்டாமா?

உங்கள் மேல் வெறுப்பில் இதை எழுதவில்லை. கேள்வி கேட்கும் பிள்ளைகள் எனக்கு எப்போதும் பிடிக்கும். உங்கள் கடிதத்தில் இருந்த பிடிவாதமும் பிடித்திருந்தது. பனாமாவைப் பற்றி இன்னும் சொல்ல இருப்பதாக உங்கள் தொனியில் தெரிகிறது. தாராளமாக எழுதுங்கள். அங்கே 1989 மே தேர்தலில் வென்றவராகக் கருதப்பட்ட எண்டாராதான் பதவிக்கு வந்தார், அது உங்கள் வாதத்துக்கு வலு சேர்க்கும். அவர் பதவியேற்றது ஓர் அமெரிக்கப் படைத்தளத்தில், படையெடுப்பின்போது எல் சொரியோ என்ற ஏழைகளின் குடியிருப்பு எரிந்து போயிற்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்த முதல் ஆண்டில் அந்த அரசு எந்தெந்தச் சட்டங்களை ரத்து செய்தது, எரிந்த வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு என்ன எழுதிக் கொடுத்தது என்று தேடிப் பார்த்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்.