2000 ஃபாரட்டும் 6 ஃபாரட்டும்

அன்புள்ள ஐயா,

மின்கலங்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவள் நான். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றேன். என் தங்கை மகள், மின்னூட்டத்தைச் சேமித்துச் சில வினாடிகளில் திருப்பித் தரும் மீமின்தேக்கிகளுக்கான (supercapacitor) நானோ மின்முனைகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். நிக்கல் கோபால்ட் ஹைட்ராக்சைடை நிக்கல் நுரையின் மேல் பூப்போன்ற வடிவில் வளர்த்து, கிராமுக்கு 2000 ஃபாரட் மின்தேக்குத்திறன் பெற்றிருப்பதாகச் சொன்னாள். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் பொருள், 0.45 வோல்ட் வரம்பில் அளந்தது என்பது அவள் தந்த விவரம். ஆர்வத்தில் சந்தையில் விற்கும் மீமின்தேக்கி ஒன்றின் தரவுத்தாளைத் தேடிப் பார்த்தேன். 3000 ஃபாரட், 2.7 வோல்ட், எடை 510 கிராம் என்று போட்டிருந்தது. வகுத்தால் கிராமுக்கு 6 ஃபாரட்கூட முழுதாக வரவில்லை. முந்நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு! இவ்வளவு நல்ல பொருள்கள் ஆய்வகத்தில் இருக்கும்போது தொழிற்சாலைகள் ஏன் கரியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன? நானோ என்பது நிதி வாங்குவதற்கான சொல்லாக ஆகிவிட்டதா? அவளிடம் கேட்டால் வருத்தப்படுவாள் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

வி.
திருநெல்வேலி

*

அன்புள்ள வி.,

உங்கள் இரண்டு எண்களும் சரியானவையே. முதல் எண் ஒரு தூளைப் பற்றியது, இரண்டாவது எண் ஒரு முழுக் கலத்தைப் பற்றியது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தால் முந்நூறு மடங்கில் பெரும்பகுதி கரைந்துவிடும். எஞ்சுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

தரவுத்தாளில் உள்ள கலத்திலிருந்து தொடங்குகிறேன். அதற்குள் அலுமினியத் தகட்டின் இரு பக்கமும் பூசிய கரி, காகிதம் போன்ற பிரிப்பான், அசிட்டோநைட்ரைலில் உப்பைக் கரைத்த மின்பகுளி, வெளியே அலுமினிய உறை என எல்லாம் இருக்கின்றன. அந்தக் கரியைத் தனி மின்முனையாக வைத்து அளந்தால் கிராமுக்குச் சுமார் 100 ஃபாரட் கிடைக்கும். கலத்திலோ இரு மின்முனைகள் தொடரிணைப்பில் நிற்கின்றன. மின்தேக்குத்திறன் பாதியாகிறது, கரியின் எடை இரு மடங்காகிறது, ஆகவே 100 என்பது 25 ஆகிவிடுகிறது. மொத்த எடையில் கரியின் பங்கு ஏறத்தாழக் கால்பங்கு என்று கொண்டால் நீங்கள் வகுத்துக் கண்ட 6 வந்துவிடும். ஆற்றலைக் கணக்கிட்டால் 3 வாட் மணிக்குச் சற்று மேல், அதாவது கிலோவுக்கு 6 வாட் மணி. நல்ல லித்தியம் அயனிக் கலம் கிலோவுக்கு 200 வாட் மணிக்கு மேல் தருகிறது என்பதால் இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கலம் சில வினாடிகளில் நிரம்பி, சில வினாடிகளில் முழுவதும் கொட்டி, பத்து லட்சம் முறை அப்படியே செய்யக்கூடியது. ஷாங்காயில் 2006 முதல் நிறுத்தத்துக்கு நிறுத்தம் மின்னேற்றிக்கொண்டு பேருந்துகள் ஓடியது இந்த வகைக் கலங்களை நம்பித்தான்.

இனி, உங்கள் தங்கை மகளின் மின்முனைக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆய்வகங்கள் வழக்கமாக வாங்கும், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நிக்கல் நுரை சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 35 மில்லிகிராம் எடை இருக்கும். அதன்மேல் வளர்ந்திருப்பது 1 மில்லிகிராம். அந்த ஒரு மில்லிகிராம் தரும் 2 ஃபாரட்டை 36 மில்லிகிராமால் வகுத்தால் கிராமுக்கு 55 ஃபாரட் மட்டுமே மிஞ்சும். நுரையை அழுத்தித் தட்டையாக்காமல் விட்டால் அதன் துளைகளில் ஊறி நிற்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் நிக்கலைப் போல் ஐந்து மடங்கு எடை கொண்டது. அதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. தொழிற்சாலை மின்முனையில் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்குக் கரி பூசப்படுகிறது, அதைத் தாங்கும் தகடோ மெல்லியது. இத்துறை ஆய்வாளர்களான யூரி கோகோட்சியும் பாட்ரிஸ் சீமோனும் 2011இல் இதைத்தான் எடுத்துக் காட்டினார்கள்: மெல்லிய படலத்தில், கிராம் கணக்கில் அளந்த வியத்தகு எண்கள், தடித்த மின்முனை கொண்ட முழுக் கலத்துக்குப் போகும்போது நிலைப்பதில்லை. அந்தக் கட்டுரை வந்த பிறகும் துறையில் பெரிய மாற்றம் இல்லை என்பது என் கருத்து. ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலனில் ஓர் இரவு வைத்து, எடுத்துக் கழுவி, உலர்த்தி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பூவைப் படமெடுத்து, ஒரு பெரிய எண்ணோடு கட்டுரை அனுப்பும் வழி அத்தனை பழகிவிட்டது. இதழ்களும் அதையே எதிர்பார்க்கின்றன. ஒரு மாணவியை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

இதைவிட அடிப்படையான சிக்கல், 2000 ஃபாரட்டில் உள்ள ஃபாரட் என்ற அலகிலேயே இருக்கிறது. மின்தேக்குத்திறன் என்று ஓர் எண்ணைச் சொல்ல வேண்டுமானால் மின்னழுத்தம் ஏற ஏற மின்னூட்டமும் ஒரே விகிதத்தில் ஏற வேண்டும் என்பது நீங்கள் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய பாடம்தான். கரி அப்படித்தான் நடந்துகொள்கிறது. ருத்தீனியம் ஆக்சைடும், ஓரளவுக்கு மாங்கனீசு டை ஆக்சைடும், வேதிவினையின் வழியாக மின்னூட்டத்தைச் சேர்த்தாலும் அதே சாயலில் நடந்துகொள்வதால் அவற்றைப் போலி மின்தேக்கிப் பொருள்கள் என்கிறோம். நிக்கல் ஹைட்ராக்சைடு இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. அதன் மின்னிறக்க வரைகோட்டில் மின்னழுத்தம் ஏறத்தாழ மாறாமல் நிற்கும் ஒரு மேடை தெரியும், மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சுழற்சி வோல்ட் அளவியில் கூர்மையான இரு முகடுகள் எழும். ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் மின்னூட்டம் முழுவதையும் கொடுத்துவிடும். அதற்கு மின்கலப் பொருள் என்றுதான் பெயர். 2000 ஃபாரட்டை 0.45 வோல்ட்டால் பெருக்கினால் 900 கூலும். மின்கலக்காரர்களின் அலகில் கிராமுக்கு 250 மில்லி ஆம்பியர் மணி. நிக்கல் ஹைட்ராக்சைடு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் கோட்பாட்டின்படி கிடைக்க வேண்டியது 289. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடிசனும் ஸ்வீடனின் யுங்னரும் பயன்படுத்திய, பின்னர் நிக்கல்–காட்மியக் கலத்திலும் நிக்கல்–மெட்டல் ஹைட்ரைடு கலத்திலும் இடம்பெற்ற அதே நேர்மின்முனை இது. சுருங்கச் சொன்னால், உங்கள் தங்கை மகள் ஒரு நல்ல நிக்கல் மின்கல மின்முனையைச் செய்து அதன் குறுகிய மின்னழுத்த வரம்பால் வகுத்திருக்கிறார். வகுக்கும் எண் சிறியதாக இருப்பதால் ஈவு பெரிதாகத் தெரிகிறது. இத்தகைய பொருள்களுக்கு ஃபாரட் கணக்கு பொருந்தாது என்பதை பிரூஸ், பெலாஞ்சே, லாங் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2015இல் விரிவாக எழுதினார்கள்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, நானோ என்பது நிதிக்கான சொல்தான் என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிடக் கூடாது. நானோ அமைப்பு இன்று சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. லித்தியம் அயனிக் கலத்தின் நேர்மின்முனைப் பொருளான லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் குழு அதை வெளியிட்டபோது, மிகக் குறைந்த மின்னோட்டத்தில்கூட அதிலிருந்த லித்தியத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் வெளியே வந்தது. குறைந்த திறன் போதுமான வேலைகளுக்கே அது உகந்தது என்று அவர்களே மதிப்பிட்டார்கள். (அந்தப் பொருளுக்கு இட்டுச் சென்ற அடிப்படை ஆய்வை, அதாவது ஆக்சைடுக்குப் பதிலாக சல்பேட் போன்ற தொகுதிகளைக் கொண்ட இரும்புச் சேர்மங்கள் உயர்ந்த மின்னழுத்தம் தரும் என்பதை, 1980களின் பிற்பகுதியில் குட்இனஃபுடன் சேர்ந்து கண்டறிந்தவர் மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019இல் ஸ்டாக்ஹோமில் குட்இனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவரும் அவரே.) இரும்பு பாஸ்பேட்டில் எலக்ட்ரான் நகர்வது மிகக் கடினம்; லித்தியம் அயனியும் படிகத்தின் ஒரே ஒரு திசையில் செல்லும் வழிகளில்தான் நகரும். அந்த வழியில் இடம் மாறிய இரும்பு அணு ஒன்று உட்கார்ந்துவிட்டால் பின்னாலுள்ள லித்தியம் சிக்கிக்கொள்ளும். துகள் சிறியதாக இருந்தால் வழியின் நீளம் குறைகிறது, ஒரு வழியில் இரண்டு தடைகள் அமைந்து இடைப்பட்டவற்றையெல்லாம் சிறைப்படுத்தும் வாய்ப்பும் குறைகிறது. அயனி துகளுக்குள் விரவிச் செல்ல ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 10 மைக்ரோமீட்டர் துகளை 100 நானோமீட்டராக்கினால் நேரம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். இதோடு, சர்க்கரை போன்ற ஒன்றைச் சேர்த்துச் சூடாக்கித் துகளின் மேல் சில நானோமீட்டர் கரிப் படலம் படியச் செய்யும் முறையை 1999 வாக்கில் மிஷேல் ஆர்மோ, நதாலி ராவே ஆகியோர் காட்டினார்கள். எலக்ட்ரானுக்கும் வழி கிடைத்தது. மெத்தனமான பொருள் என்று கருதப்பட்டது பேருந்துகளுக்கும் கார்களுக்கும் வந்து சேர்ந்தது இந்த இரண்டு மாற்றங்களால்தான். நுண்ணோக்கியில் பார்த்தால் அதில் பூவும் இல்லை, முள்ளும் இல்லை. சாதாரண உருண்டைத் துகள்கள்தான். தூள் நெருக்கமாகப் படிய வேண்டும் என்பதற்காக அந்தச் சிறு துகள்களையும் மறுபடி பெரிய உருண்டைகளாகத் திரட்டுவது உண்டு.

சிலிக்கானின் கதை இவ்வளவு எளிதாக முடியவில்லை. லித்தியம் அயனிக் கலத்தின் எதிர்மின்முனையில் கிராஃபைட்டின் கொள்ளளவு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி, சிலிக்கானுக்கு 3500க்கு மேல். ஆனால் லித்தியம் புகுந்ததும் சிலிக்கானின் பருமன் ஏறக்குறைய நான்கு மடங்காகி, பெரிய துகள் வெடித்துப் பொடியாகிவிடும். ஸ்டான்ஃபோர்டில் யீ சுய் குழுவினர் 2008இல் எஃகுத் தகட்டின் மேல் நானோ இழைகளாக வளர்த்த சிலிக்கான், இழைகளுக்கு இடையே விரியும் இடம் இருந்ததால் வெடிக்காமல் நின்றது. நானோ அளவு வெடிப்புக்கு விடை தந்தது என்பதில் ஐயமில்லை. மேற்பரப்புக்கு அது விடை தரவில்லை. எதிர்மின்முனையின் மேற்பரப்பில் மின்பகுளி சிதைந்து ஒரு தோல் உருவாகும்; அந்தத் தோலுக்குள் லித்தியம் நிரந்தரமாகச் செலவாகும். துகளைச் சிறிதாக்கினால் மேற்பரப்பு பெருகும், தோலும் பெருகும். சிலிக்கான் ஒவ்வொரு முறை விரியும்போதும் தோல் கிழிந்து புதிதாக வளரும். அந்த முதல் நானோ இழைகளில் முதல் சுழற்சியில் உள்ளே சென்ற மின்னூட்டத்தில் 73 விழுக்காடுதான் திரும்பி வந்தது. ஆய்வகத்தில் எதிரே லித்தியத் தகடு ஒன்றை வைத்து அளப்பதால் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை, தகட்டில் லித்தியம் அள்ள அள்ளக் குறையாமல் இருக்கிறது. முழுக் கலத்தில் லித்தியம் அளந்து வைத்தது. ஒவ்வொரு சுழற்சியிலும் 99.5 விழுக்காடு திரும்பினால் பரவாயில்லை என்று தோன்றும். நூறு சுழற்சிகளில் 60 விழுக்காடுதான் மிஞ்சியிருக்கும். இன்று பல கலங்களில் சிலிக்கான், கிராஃபைட்டோடு சிறிதளவு கலந்த சிலிக்கான் ஆக்சைடாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

தொழிற்சாலைகள் ஏன் கரியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று கேட்டீர்கள். அந்தக் கரியே நானோ பொருள்தான். உங்கள் ஊரில் சிரட்டை என்று சொல்லும் தேங்காய் ஓட்டைக் கரியாக்கி, நீராவியில் சூடேற்றித் துளைகளைத் திறந்தால், ஒரு கிராமில் 1500 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட மேற்பரப்பு கிடைக்கிறது. மீமின்தேக்கிக்கான கரியில் பெரும்பங்கு இதிலிருந்துதான் செய்யப்படுகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சிரட்டைக் கரி ஏற்றுமதியாவது பலருக்கும் தெரிந்ததே. கரைப்பான் சூழ்ந்த அயனியைவிடத் துளை பெரிதாக இருக்க வேண்டும், சிறிய துளைகள் வீண் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். கோகோட்சி, சீமோன் குழுவினர் 2006இல் டைட்டேனியம் கார்பைடிலிருந்து துளை அளவைத் துல்லியமாகக் கட்டுப்படுத்திக் கரி செய்து பார்த்தபோது, 1 நானோமீட்டருக்குக் கீழான துளைகளில் மின்தேக்குத்திறன் குறைவதற்கு மாறாக உயர்ந்தது. அயனி தன்னைச் சூழ்ந்த கரைப்பானைக் களைந்துவிட்டு உள்ளே நுழைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். படத்துக்கு அழகு தராத, கண்ணுக்கே எட்டாத இந்தத் துளையில் நடந்த வேலை, என் மதிப்பீட்டில், நூறு நானோ மலர்களைவிட மேலானது.

உங்கள் தங்கை மகள் தலைப்பை மாற்ற வேண்டியதில்லை, அவரிடம் இதைச் சொல்லத் தயங்கவும் வேண்டாம். நிக்கல் மின்முனையை ஒரு பக்கமும் கரியை மறுபக்கமும் வைத்த கலப்பு மின்தேக்கிகளை ரஷ்யாவின் எஸ்மா நிறுவனம் உண்மையிலேயே தயாரித்தது. அவரும் அப்படி ஒரு முழுக் கலத்தைச் செய்து, இரு மின்முனைகளின் எடையையும் எழுதி, கொள்ளளவை மில்லி ஆம்பியர் மணியில் குறிப்பிடலாம். அப்போது ஒரு கணக்கு தானே வெளிவரும். நிக்கல் பக்கம் கிராமுக்கு 900 கூலும். கரி 150 ஃபாரட் தந்து 1 வோல்ட் வரம்பில் இயங்கினால் கிராமுக்கு 150 கூலும். இரு பக்கத்து மின்னூட்டமும் சமமாக வேண்டுமானால் 1 கிராம் நிக்கலுக்கு 6 கிராம் கரி தேவை. அந்நிலையில் அவர் இன்னும் ஓராண்டு உழைத்து நிக்கலை 250 மில்லி ஆம்பியர் மணியிலிருந்து 280க்கு உயர்த்தினாலும், இரு பொருள்களின் மொத்த எடைக்குக் கிடைக்கும் மின்னூட்டம் 2 விழுக்காடுகூட உயராது; கரியை 150இலிருந்து 180க்கு உயர்த்தினால் 16 விழுக்காட்டுக்கு மேல் கூடும்.

அன்புடன்.