கம்ப்ரசருக்கு 16 ஆயிரமா, புது ஏசிக்கு 42 ஆயிரமா?

கேள்வி: 2014-ல் வாங்கிய 1.5 டன் 3 ஸ்டார் ஸ்பிளிட் ஏசி எங்கள் படுக்கையறையில் இருக்கிறது. மூன்று வருடமாக ஒவ்வொரு கோடைக்கும் 3,500 ரூபாய் கொடுத்து கேஸ் போடுகிறோம். இந்த முறை மெக்கானிக், "கம்ப்ரசர் போச்சு, மாற்ற 16,000 ஆகும்" என்கிறார். புது 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி 42,000. நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில் (வட்டியில்லாத் தவணை) ஆறு மாதத்தில் கட்டலாம் என்கிறது கடை. கையில் இருப்பது அவசரத்துக்கென்று போட்ட 60,000 ரூபாய் எஃப்.டி. மட்டும். மாமியாருக்கு 76 வயது, வெயில் தாங்கமாட்டார். என்ன செய்யலாம்?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: முதலில் 400, 500 ரூபாய் செலவழித்து வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கெபாசிட்டரை (கம்ப்ரசர் கிளம்ப உந்துதல் தரும் சின்ன உருளை) மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே இருக்கும் யூனிட்டில் ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரசர் மட்டும் கிளம்பவில்லை என்றால், பல சமயம் குற்றவாளி அந்தச் சின்ன உருளைதான். புதிதாகப் போட ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. "கம்ப்ரசர் போச்சு" என்ற தீர்ப்பை ஒரே ஆள் சொல்லி நான் ஏற்றுக்கொள்வதில்லை.

கம்ப்ரசர் உண்மையிலேயே போயிருந்தால், 16,000 போடாதீர்கள். காரணம், நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த மூன்று வருட கேஸ். ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச்சுற்றி வருவது. குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை. அதை நைட்ரஜன் அடித்துக் கண்டுபிடிக்காமல் வருடா வருடம் நிரப்பியதில் 10,500 ரூபாய் காற்றோடு போய்விட்டது. அதே பழைய காயிலோடு (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) புதுக் கம்ப்ரசரைச் சேர்த்தால் அடுத்த கோடையிலும் இதே கதைதான். தவிர, 2014 மாடலென்றால் உள்ளே பெரும்பாலும் ஆர்-22 கேஸ்; யூனிட்டின் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில் பாருங்கள். ஓசோனைக் கெடுக்கும் இந்த வகை கேஸ்களைப் புதுக் கருவிகளில் பயன்படுத்த 2025 ஜனவரி முதல் இந்தியாவில் தடை. பழுதுபார்க்க இன்னும் கிடைக்கும், மலிவாகிக்கொண்டு போகாது.

இனி மின்சாரக் கணக்கு. ஏசி ஓடாத டிசம்பர்–ஜனவரி பில்லையும் மே–ஜூன் பில்லையும் பக்கத்தில் வையுங்கள். ஒரு பேச்சுக்கு 320 யூனிட், 860 யூனிட் என்று கொள்வோம். 540 யூனிட் வித்தியாசத்தில் ஃபேனுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் 70 தள்ளினால், ஏசி தின்றது 470. புது 5 ஸ்டார் இதில் நாற்பது சதவீதம் வரை குறைக்கும்; 190 யூனிட் என்று வையுங்கள். பில்லின் உச்சியிலிருந்து கழியும் யூனிட்டுகள் இவை என்பதுதான் விஷயம். மின்வாரியத்தின் 2024 ஜூலைக் கட்டணப்படி 600-க்கு மேல் யூனிட் 9 ரூபாயைத் தாண்டுகிறது, 800-க்கு மேல் 10 ரூபாயைத் தாண்டுகிறது. அந்த ஒரு பில்லிலேயே 1,800 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். வருடத்தில் ஐந்து மாதம், ராத்திரி எட்டு மணி நேரம் ஓட்டுகிறவர்களுக்கு ஏறத்தாழ 4,000. கேஸ் செலவு 3,500-ஐயும் சேருங்கள்: பழைய ஏசியை வைத்திருக்க வருடத்துக்கு 7,500 ரூபாய் கொடுத்து வந்திருக்கிறீர்கள்.

கடையில் ஸ்டாரை எண்ண வேண்டாம். 2026 ஜனவரியிலிருந்து அளவுகோல் கடுமையாகிவிட்டது. 2025-ன் 5 ஸ்டாரும் 2026-ன் 5 ஸ்டாரும் ஒன்றல்ல. லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும் (1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு அது). அந்த எண்ணை ஒப்பிடுங்கள். ஏசிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. அதற்கு முந்தைய விலையை அடித்துக் காட்டி "தள்ளுபடி" என்றால் மயங்காதீர்கள். செம்புக் குழாய், ஸ்டாண்ட், பிட்டிங் கூலி எல்லாம் 42,000-க்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். பழைய குழாயையே மாட்டிவிடுகிறேன் என்று வருகிறவர் சொன்னால் வேண்டாம். புது கேஸுக்கு அழுத்தமும் வேறு, ஆயிலும் வேறு.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. பற்றி. கடைக்காரரிடம் ஒரே கேள்வி: "மொத்தமும் இப்பவே கொடுத்தா எவ்வளவுக்குத் தருவீங்க?" 40,500 என்றால், அந்த 1,500-தான் வட்டி. மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் அது வருடத்துக்கு ஏறத்தாழ 13 சதவீதமாகிறது. கார்டில் போட்டால் பிராசஸிங் கட்டணமும், வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனி. எஃப்.டி. ஏழு சதவீதம் தந்தாலே பெரிது. ஆனாலும் உங்கள் விஷயத்தில் நான் இ.எம்.ஐ. பக்கம்தான் சாய்வேன். 76 வயதுப் பெரியவர் இருக்கும் வீட்டில் அவசரப் பணம் 60,000 என்பதே குறைவு. அதில் 40,000-ஐ உருவிவிட்டு நிற்பதைவிட 1,500 ரூபாய் வட்டி பரவாயில்லை. மாதம் 7,000 தவறாமல் கட்ட முடியும் என்றால் மட்டும். முடியாதென்றால் பன்னிரண்டு மாதத் தவணைக்குப் போகாமல், 3 ஸ்டாருக்கு இறங்கி ஏழெட்டாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கெபாசிட்டர்தான் பழுது என்று தெரிந்தால், இந்தக் கோடையைப் பழையதோடு ஓட்டிவிட்டு, இன்றிலிருந்தே மாதம் 5,000 ஆர்.டி. போடுங்கள். கூட்டம் இல்லாத நவம்பர், டிசம்பரில் ரொக்கமாகப் பேரம் பேசலாம். ஓட்டையை அடைக்காமல் மறுபடியும் கேஸ் மட்டும் போட விடாதீர்கள்.