90 சதவீதம், ஆனாலும் குறி தப்பியது

முறைவைத்து ஆடும் வியூக ஆட்டங்களைப் பற்றிய கடிதங்கள் மேசையில் சேர்ந்துவிட்டன. இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடமில்லை.

எக்ஸ்காம் ஆடுகிறேன். என் வீரன் வேற்றுக்கிரகத்தானுக்கு எதிரே மூக்கு உரச நிற்கிறான். குண்டு படும் வாய்ப்பு 90 சதவீதம் என்று காட்டுகிறது. சுட்டால் தப்புகிறது. சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சுட்டாலும் தப்புகிறது! இது பித்தலாட்டம்தானே?
— வாசகர், அம்பத்தூர்

எக்ஸ்காம் பாவம். 2012-இல் பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்த அந்த ஆட்டம் சொன்னதைத்தான் செய்கிறது. பத்துக்கு ஒன்று தப்பும். வங்கியில் நாள் முழுக்கச் சதவீதத்தோடு மாரடிப்பவள் நான். 90 என்று எழுதியிருந்தால் 'கட்டாயம்' என்று படித்துவிட்டு, பிறகு கவுண்டரில் வந்து சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பித்தலாட்டம் செய்தது வேறொரு தொடர், அதுவும் நமக்குச் சாதகமாக. நிண்டெண்டோவின் ஃபயர் எம்ப்ளம். 2002-இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவிக்கு வந்த பாகத்திலிருந்து, ஒவ்வோர் அடிக்கும் 0 முதல் 99 வரை இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் சராசரியை வைத்து அடி விழுந்ததா என்று முடிவு செய்தார்கள். சராசரி எப்போதும் நடுவை நோக்கி ஒதுங்கும். அதனால் திரையில் 90 என்றால் உள்ளே 98.1. திரையில் 80 என்றால் 92.2. எதிரிக்கு 20 என்று காட்டினால் அவனுக்கு உண்மையில் இருப்பது 8.2 மட்டுமே. பெரும்பாலும் நம் ஆட்கள் அதிகச் சதவீதத்தில் அடிப்பார்கள், எதிரிகள் குறைந்த சதவீதத்தில் அடிப்பார்கள். ஆக, கணக்கில் செய்த சலுகை முழுக்க நம் பக்கம். இதைத் திரையில் எங்குமே சொல்லவில்லை. ரசிகர்கள்தான் நிரலைக் குடைந்து கண்டுபிடித்தார்கள். அந்தச் சலுகையில் பழகிய கை எக்ஸ்காமுக்கு வந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? எக்ஸ்காம் 2-இலேயே எளிய நிலைகளில் சத்தமில்லாமல் கைகொடுக்கிறார்கள்.

திரும்பப் போய்ச் சுட்டாலும் தப்புவதற்குக் காரணம், ஆட்டம் உள்ளே உருட்டும் பகடை எண்களின் வரிசையும் சேர்ந்தே சேமிக்கப்படுவது. அதே குண்டு அதே மாதிரிதான் போகும். வேறொருவரை முதலில் சுடவிட்டால் அந்தக் கெட்ட எண் அவர் தலையில் விடியும். அதைவிட நல்லது கையெறி குண்டு. அதற்குச் சதவீதமே கிடையாது. வட்டத்துக்குள் இருந்தால் பட்டே தீரும், எதிரி ஒளிந்திருக்கும் மறைவிடமும் சிதறும். பையில் குண்டை வைத்துக்கொண்டு 90-ஐ நம்பியது யார்?

என் பையனுக்குப் பன்னிரண்டு வயது. ஃபயர் எம்ப்ளம் என்று ஒன்று ஆடுகிறான். யாரோ ஒரு வீரன் செத்துவிட்டான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் ஆடியதை மறுபடி முதலிலிருந்து ஆடுகிறான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. இதை ஆட விடலாமா?
— வாசகி, திருநெல்வேலி

விடுங்கள் அம்மா. அந்தத் தொடரில் செத்தவர் செத்தவர்தான், அடுத்த அத்தியாயத்தில் எழுந்து வரமாட்டார். 1990-இல் நிண்டெண்டோவின் பழைய கருவியான ஃபாமிகாமுக்கு ஷோசோ காகா வடிவமைத்த முதல் ஆட்டத்திலிருந்தே இதுதான் சட்டம். ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் உண்டு, முகம் உண்டு, கதை உண்டு. குதிரைக்காரனை இரண்டு கட்டம் அதிகமாக முன்னே நகர்த்திவிட்டால் அவன் கதை அங்கேயே முடியும். கேம்பாய் அட்வான்ஸ் பாகங்களில் ஒவ்வொரு நகர்வும் தானாகவே சேமிக்கப்படும் என்பதால், கருவியை அணைத்துவிட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. ஒன்று, இழப்போடு மேலே போக வேண்டும். இல்லை, அத்தியாயத்தை முதலிலிருந்து ஆட வேண்டும். உங்கள் பையன் இரண்டாவதைச் செய்கிறான். பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறோம்.

2010-இல் ஜப்பானில் மட்டும், டிஎஸ் என்ற மடக்கும் கைக்கருவிக்கு வந்த பாகத்தில் 'கேஷுவல்' என்று ஒரு முறையைச் சேர்த்தார்கள். அதில் விழுந்தவர்கள் சண்டை முடிந்ததும் திரும்பி வந்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. யாரும் சாகமாட்டார்கள் என்று தெரிந்தால் யாரை வேண்டுமானாலும் முன்னால் தள்ளுவோம். 2017, 2019 பாகங்களில் வந்த ஏற்பாடு தேவலை. நடந்ததைப் பின்னோக்கி ஓட்டலாம், ஆனால் ஒரு சண்டைக்கு இத்தனை முறைதான் என்று அளவு உண்டு. பயமும் இருக்கும், சோறும் ஆறாது. அவன் கையில் இருப்பது டிஎஸ், 3டிஎஸ் போன்ற மடக்கும் கருவி என்றால், இனி அவனைச் சாப்பிடக் கூப்பிடும்போது மூடியை மடக்கச் சொல்லுங்கள், அணைக்கச் சொல்லாதீர்கள். மடக்கினால் கருவி அப்படியே தூங்கும், எதிரி காத்திருப்பான். நான் உள்ளூர் ரயிலில் அப்படித்தான் ஆடுகிறேன். டிக்கெட் பரிசோதகர் வந்தால் போர் நிற்கும்.

சதுரங்கம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?
— வாசகர், ஈரோடு

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் 'இன்டு தி பிரீச்' ஆடிப் பாருங்கள். அதுவும் எட்டுக்கு எட்டுக் கட்டம்தான். எதிரி அடுத்து எந்தக் கட்டத்தை அடிக்கப் போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. நீங்கள் அவனைக் கொல்ல வேண்டியதில்லை, ஒரு கட்டம் தள்ளிவிட்டால் போதும். பக்கத்தில் நிற்கும் அவன் கூட்டாளியையே அடித்து வைப்பான். எதிராளி தன் திட்டத்தைச் சொல்லிவிட்டு ஆடும் சதுரங்கம் உங்கள் ஊரில் உண்டா?

அட்வான்ஸ் வார்ஸில் கணினியிடம் தொடர்ந்து தோற்கிறேன். பணம் சேர்த்துப் பெரிய டாங்கிகளாகத்தான் வாங்குகிறேன்.
— வாசகர், சிங்கப்பூர்

அதுதான் கோளாறு. நடுத்தர டாங்கி 16,000. அந்தக் காசுக்குக் காலாட்படை பதினாறு வரும். நகரத்தைப் பிடிக்கக் காலாளால்தான் முடியும், டாங்கியால் முடியாது. ஒரு நகரத்துக்கு 20 புள்ளி. முழு உடம்போடு இருக்கும் காலாள் ஒரு முறைக்குப் பத்தைக் குறைப்பான். இரண்டே முறையில் நகரம் உங்களுடையது, பிறகு ஒவ்வொரு முறையும் அதிலிருந்து 1,000 வருமானம். முதல் சில நாட்களுக்குக் காலாட்களைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். அடுத்து 6,000-க்கு ஆர்ட்டிலரி, அதாவது பீரங்கி. அது நகர்ந்த முறையில் சுடாது, ஆனால் இரண்டு மூன்று கட்டம் தள்ளி அடிக்கும், பதிலடியும் வாங்காது. குறுகிய பாதை ஒன்றில் முன்னே டாங்கி, பின்னே ஆர்ட்டிலரி. எதிரி தானாக வந்து விழுவான். இன்னொன்று: கணினிக்கு ஆளேற்றும் ஏபிசி வண்டிமேல் தீராத ஆசை. வெறும் வண்டியை ஒன்று ஓரமாக நிறுத்தி வையுங்கள், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதைத் துரத்தும்.

அட்வான்ஸ் வார்ஸின் புதுப்பதிப்பு போரால் தள்ளிப்போனது என்கிறார்களே?
— வாசகர், மதுரை

ஆமாம். ஏப்ரல் 2022-இல் வரவேண்டியது, உக்ரைனில் போர் மூண்டதும் நிறுத்தி வைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில்தான் வந்தது. முதல் ஆட்டத்துக்கும் இதே விதி. 2001 செப்டம்பர் 10 அன்று அமெரிக்காவில் வெளியானது. மறுநாள் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. ஜப்பானியப் பதிப்பு அலமாரிக்குப் போய், 2004-இல் இரண்டாம் பாகத்தோடு சேர்ந்து வெளிவந்தது. இத்தனைக்கும் அதில் ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. பொம்மை டாங்கிகள், சிரித்த முகத்தோடு தளபதிகள். உண்மையான போர் நடக்கும் வாரத்தில் உறுத்துவது அந்தச் சிரிப்புதான் என்று நினைக்கிறேன்.

நிண்டெண்டோவின் கைக்கருவியான பழைய 3டிஎஸ் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?
— வாசகி, புதுச்சேரி

'ஃபயர் எம்ப்ளம் அவேக்கனிங்' ஆடவேண்டும் என்றால் வாங்கலாம். இரண்டரை லட்சம் பிரதிகள் விற்காவிட்டால் இதுவே கடைசி என்று மேலிடம் சொன்ன நிலையில் எடுத்த ஆட்டம். அதன் ஒவ்வொரு மூலையிலும் 'எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம்' என்ற வேகம் தெரியும். ஆனால் நிண்டெண்டோ 3டிஎஸ்-இன் இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டது. இனி கார்ட்ரிட்ஜ்தான் கதி. கருவி எந்த வட்டாரத்துக்கு உரியது என்று முதலில் கேளுங்கள். ஜப்பானியக் கருவியில் அமெரிக்கக் கார்ட்ரிட்ஜ் ஓடாது. கேம்பாய் அட்வான்ஸுக்கு அந்தத் தடையில்லை, ஆனால் அதில் போலிகள் அதிகம். விற்பவர் எதிரிலேயே ஆட்டத்தைப் போட்டு, சேமித்து, அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். போலிகள் பல அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். பணத்தைப் பிறகு எடுங்கள்.