டயர் டெஸ்டில் முதலிடம் யாருக்கு என்பது உங்களுக்கு எதற்கு?

கேள்வி: என் காரின் நான்கு கோடை டயர்களையும் மாற்ற வேண்டும். அளவு 205/55 ஆர்16, 91வி. இரண்டு ஒப்பீட்டு டெஸ்ட்களைப் படித்தேன். ஒன்றில் முதலிடம் பிடித்த டயர் இன்னொன்றில் ஆறாவது. அந்த இன்னொன்றில் முதலாவதாக வந்ததோ இதில் ஐந்தாவது. லேபிளைப் பார்த்தால் இரண்டுக்குமே ஈரச் சாலைப் பிடிப்பு 'ஏ'. கடைக்காரர் மூன்றாவதாக ஒரு டயரைக் காட்டி, "இதுவும் அதே ஃபேக்டரிதான், விலைதான் கம்மி" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: கடைக்காரரைத் தவிர மற்ற எல்லோரையும் நம்பலாம், ஓரளவுக்கு.

இரண்டு டெஸ்ட்களும் பொய் சொல்லவில்லை. ஒரே வகுப்புக்கு இரண்டு வாத்தியார்கள் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவர் ஈரச் சாலையில் வண்டி எப்படி வளைகிறது என்பதற்கு அதிக மதிப்பெண் கொடுப்பார். இன்னொருவர் தேய்மானத்தையும் எரிபொருள் சிக்கனத்தையும் பெரிதாகப் பார்ப்பார். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி தன் டயர் டெஸ்ட்களில் 2023 முதல் ஓட்டப் பாதுகாப்புக்கு 70 சதவீதமும் சுற்றுச்சூழல் அம்சங்களுக்கு 30 சதவீதமும் வைத்துக் கூட்டுகிறது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் நடுவில் இருக்கும் டயர்கள் எல்லாம் இடம் மாறிவிடும்.

டயர் செய்பவரின் தலைவலியே இதுதான். ஈரத்தில் பிடிப்பு, நீண்ட ஆயுள், எளிதாக உருளும் தன்மை என்ற மூன்றில் ஒன்றை இழுத்தால் இன்னொன்று நழுவும். ரப்பரில் சிலிகா சேர்க்கத் தொடங்கிய பிறகு இந்த இழுபறி குறைந்தது, தீர்ந்துவிடவில்லை. எனவே எல்லாவற்றிலும் முதலாக வரும் டயரைத் தேடாதீர்கள். டெஸ்ட்டைப் படிப்பது ஜெயித்தவரைக் கண்டுபிடிக்க அல்ல, மோசமானதைக் கழித்துக்கட்டத்தான்.

கழிப்பதற்கு ஒரே ஒரு அட்டவணை போதும்: ஈரச் சாலையில் பிரேக் தூரம். காய்ந்த சாலையில் நல்ல டயருக்கும் சுமாரான டயருக்கும் பொதுவாகப் பெரிய வித்தியாசம் வராது, ஈரத்தில்தான் வண்டவாளம் வெளியே வரும். 'கோடை டயர்' என்ற பெயரைப் பார்த்து வெயிலுக்கு மட்டுமானது என்று நினைப்பவர்கள் உண்டு. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்கு மேலே இருக்கும் எல்லா நாட்களுக்குமான டயர் அது, கொட்டும் மழையும் அதில் சேர்த்திதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் இரண்டு கார்கள் ஒரே இடத்தில் பிரேக் போடுகின்றன. ஒன்று 30 மீட்டரில் நிற்கிறது, மற்றது 35 மீட்டரில். ஐந்து மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 30 கிலோமீட்டர் இருக்கும். அங்கே ஒரு ஆள் நின்றால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இந்த மீட்டர்களை ஒரே டெஸ்டுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு டெஸ்டின் 31 மீட்டரையும் இன்னொன்றின் 34 மீட்டரையும் பக்கத்தில் வைக்காதீர்கள். தார் வேறு, தண்ணீரின் ஆழம் வேறு, கார் வேறு, அன்றைய வெப்பம் வேறு. ஒரே டெஸ்டுக்குள்ளும் ஒரு மீட்டருக்குள் இருக்கும் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், வேறொரு தார்ச்சாலையில் அது தலைகீழாகலாம். கூட்டத்தை விட்டு நாலைந்து மீட்டர் பின்தங்கும் டயரை மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

டெஸ்ட் செய்த அளவு உங்கள் அளவுதானா என்றும் பாருங்கள். 225/45 ஆர்17 அளவில் நன்றாக வந்த டயர், அதே பெயரில் 16 அங்குலத்தில் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெயரும் அளவும் ஒன்றாக இருந்தும் டயர் வேறாக இருப்பதும் உண்டு. பிஎம்டபிள்யூ ஒரு நட்சத்திரக் குறியும், மெர்சிடிஸ் 'எம்ஓ' என்றும், ஆடி 'ஏஓ' என்றும் போட்டு, தங்கள் கார்களுக்கென்று டயரை மாற்றிச் செய்யச் சொல்வார்கள். அந்தக் குறி உள்ள டயரும் டெஸ்டுக்குப் போன டயரும் பெயரில் மட்டும் இரட்டைப் பிறவிகள்.

இனி லேபிள். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் கொண்டுவந்தது, 2021 மே மாதம் திருத்தியது. இப்போது ஈரப் பிடிப்புக்கும் எரிபொருளுக்கும் 'ஏ' முதல் 'இ' வரை. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த எழுத்தை அறிவிப்பது டயர் கம்பெனியே. அளப்பது புத்தம் புதிய டயரை. 'ஏ' என்பதற்குக் கீழ் எல்லை உண்டு, மேல் எல்லை கிடையாது. அதனால்தான் 'ஏ' வாங்கிய இரண்டு டயர்கள் டெஸ்டில் இவ்வளவு தள்ளி நிற்கின்றன. டயர் வளைவில் எப்படிப் பிடிக்கும், தேங்கிய தண்ணீரில் மிதக்குமா, எத்தனை நாள் உழைக்கும் என்று அந்த லேபிளில் ஒரு வார்த்தை இல்லை. அங்கே 2024 ஜூலை முதல் புதிதாக அனுமதி கேட்கும் கார் டயர் ரகங்கள் தேய்ந்த நிலையிலும் ஈரப் பிடிப்பில் தேற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. சரி, அந்த முடிவை லேபிளில் போட்டார்களா? இல்லை. வாங்குபவனுக்கு வேண்டியது அதுதான், அதைத் தவிர மற்றதெல்லாம் ஒட்டியிருக்கிறது. அமெரிக்காவின் தேய்மான எண்ணும் (எண் கூடினால் ஆயுள் கூடும் என்று அர்த்தம்) இப்படியே. 400 என்றும் 500 என்றும் டயரில் அச்சிட்டிருப்பதைக் கொடுப்பது கம்பெனிதான். ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், வேறு கம்பெனியோடு வைத்துப் பார்க்காதீர்கள்.

உங்கள் கடைக்காரரின் 'அதே ஃபேக்டரி' கதைக்கு வருகிறேன். ஒரே அச்சகத்தில் பாடநூலும் அச்சாகும், லாட்டரிச் சீட்டும் அச்சாகும். கட்டடம் ஒன்றாக இருப்பதால் ரப்பர் கலவையும் உள்ளே இருக்கும் கட்டுமானமும் ஒன்றாகிவிடாது. பெரிய கம்பெனிகளுக்கு இரண்டாம் வரிசைப் பிராண்டுகள் இருப்பது உண்மை. மிச்செலினிடம் க்ளேபர் இருக்கிறது, கான்டினென்டலிடம் செம்பெரிட் இருக்கிறது. அவை மோசம் என்று சொல்லவில்லை, அவை வேறு டயர்கள் என்றுதான் சொல்கிறேன். கடைக்காரர் எதைச் சிபாரிசு செய்கிறார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அவருடைய குடோன்: எது தேங்கிக் கிடக்கிறதோ, எதற்குக் கமிஷன் கூடுதலோ அது. இணையத்தில் நட்சத்திரம் போடுபவர்களையும் இதே கணக்கில் வையுங்கள். மாட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, 'சூப்பர் கிரிப்' என்று எழுதிவிடுவார்கள். பழைய மொட்டை டயரைக் கழற்றிவிட்டு எந்தப் புது டயரைப் போட்டாலும் சூப்பராகத்தான் இருக்கும்.

குடோன் என்றதும் ஞாபகம் வருகிறது. டயரின் பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த தேதி. 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். பல டயர்களில் இந்தத் தேதி ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் காரைத் தூக்காமல் பார்க்க முடியாது. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் நானே ஏமாந்திருக்கிறேன். அவசரத்தில் ஒரு கடையில் நான்கு டயர் மாட்டிக்கொண்டு வந்தேன். மாதக்கணக்கில் கழித்து இடம் மாற்றிப் போடக் கழற்றியபோது, மூன்று ஒரே வருடம், நான்காவது மூன்று வருடம் மூத்தது. ஆகவே ரிம்மில் ஏற்றுவதற்கு முன் நான்கையும் தரையில் வைத்துப் படியுங்கள். அப்படியே 91வி இருக்கிறதா என்றும் பாருங்கள்: ஒரு டயர் தாங்கும் சுமை 615 கிலோ, வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

நீங்கள் நான்கையும் மாற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் கடையில் "பின்னாடி இன்னும் பட்டன் இருக்கு, முன்னாடி ரெண்டு மட்டும் போதும்" என்று சொல்ல வாய்ப்பு உண்டு (பட்டன் என்பது டயர் வரிகளின் ஆழம்). அப்படி இரண்டு மட்டும் வாங்க நேர்ந்தால் புது டயர்கள் பின்னால் போக வேண்டும். முன்னால் அல்ல, பின்னால். நான் இதைச் சொல்லும்போதெல்லாம் சண்டைக்கு வருகிறார்கள். "என் காரை இழுப்பதே முன் சக்கரம், திருப்புவதும் முன் சக்கரம், பிரேக்கிலும் முன்பக்கம்தான் அதிக வேலை செய்கிறது, புதுசை அங்கே போடாமல் பின்னால் போடுவதா?" எல்லாம் சரி. ஆனாலும் பின்னால்தான். காரணம் இது: ஈரத்தில் முன் டயர் பிடிப்பை விட்டால் கார் திரும்பாமல் நேராகப் போகும். ஸ்டீயரிங் லேசாவது கைக்குத் தெரியும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பும், யாருக்கும் இயல்பாகவே காலை எடுக்கத் தோன்றும். பின் டயர் விட்டால் முன்கூட்டியே எதுவும் தெரியாது, கார் அப்படியே சுற்றிக்கொள்ளும். அப்போது காலை எடுத்தால் இன்னும் வேகமாகச் சுற்றும். அதைச் சமாளிக்கப் பந்தய ஓட்டுநருக்குப் பயிற்சி உண்டு, நமக்கு இல்லை. எந்தச் சக்கரம் இழுத்தாலும் பதில் மாறாது. முன்னாலும் பின்னாலும் வேறு வேறு அளவு டயர் உள்ள கார்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, உங்களுடையது அந்த ரகம் இல்லை.

மாட்டிய பிறகு காற்றழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போது, மாதம் ஒருமுறை பாருங்கள். அழுத்தம் குறைந்தால் டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே தண்ணீரில் மிதக்கத் தொடங்கிவிடும். எந்த நல்ல டயரும் அதிலிருந்து காப்பாற்றாது. பட்டன் சுமார் 8 மில்லிமீட்டரில் தொடங்கும், பல நாடுகளின் சட்டம் 1.6 வரை விட்டுவைக்கிறது. நான் 3-லேயே மாற்றச் சொல்வேன்.

உங்கள் பட்டியலில் உள்ள இரண்டு டயர்களும் ஈரப் பிரேக்கில் கூட்டத்தோடு நிற்பவையாக இருந்தால், எதன் தேதி புதிதோ அதை வாங்குங்கள். கடைக்காரரின் மூன்றாவது டயர் எந்த டெஸ்டிலும் வரவில்லை என்றால், இதே அளவில் ஈரச் சாலையில் எத்தனை மீட்டரில் நிற்கும் என்று அவரிடமே கேளுங்கள். ஃபேக்டரி வரைக்கும் தெரிந்தவருக்கு அதுவும் தெரிந்திருக்கும்.